கோடு யாருடையது? ஜப்பானியச் சித்திரக்காரர்களும் பாணி என்கிற சொல்லும்

ஜப்பானியப் படம் ஒன்றைப் பார்த்ததும் 'அடடா, என்ன நளினம், இது அவர்களுக்கே வாய்த்தது' என்று சொல்லிவிடுவது நமக்குப் பழக்கமாகிப் போயிருக்கிறது. ஜென், வெற்றிடம், பருவங்கள் மீதான பிரியம் என்று நாலு சொல்லை அடுக்கினால் விமர்சகர் வேலை முடிந்தது. பாணி என்பதை ஓர் இனத்தின் ஆன்மாவிலிருந்து ஊறிவரும் தண்ணீராகக் காணும் பார்வை இது. இதில் ஒரு பெரிய வசதி, கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. வரைந்தவருக்கு என்ன கிடைத்தது, வரைந்த தாள் கடைசியில் யார் கைக்குப் போனது என்கிற கேள்விகள் ஆன்மாவுக்கு முன்னால் அற்பமாகிவிடுகின்றன. ஆனால் அண்மைக் காலத்தில் ஜப்பானியச் சித்திரக்காரர்கள் போட்ட சண்டை இந்த அற்பக் கேள்விகளுக்காகத்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

எதோ காலத்து (1603-1868) மரக்கட்டை அச்சை எடுத்துக்கொள்ளலாம். ஹொகுசாய், உதமாரோ என்று நாம் பெயர் சொல்லிக் கொண்டாடும் படங்கள் தனியொருவர் செய்தவை அல்ல. பதிப்பாளர் முதல் போடுவார். சித்திரக்காரர் மெல்லிய தாளில் கோட்டுப்படம் வரைந்து தருவார். அந்தத் தாளைக் குப்புறக் கட்டையில் ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்குபவர் வெட்டியெடுப்பார். பிறகு அச்சடிப்பவர் நிறத்துக்கொரு கட்டையாக வைத்து அச்சடிப்பார். சித்திரக்காரர் கையால் வரைந்த தாள் உளிக்கு இரையாகி அழிந்துபோகும். மூலம் என்று ஒன்று மிஞ்சாது. பெண்களின் நெற்றியோரத்து மயிரிழைகளை வெட்டுவது தேர்ந்த உளிக்காரரின் வேலை. உதமாரோவின் நளினம் என்று நாம் சொல்வதில் அவர் கையும் கலந்தே கிடக்கிறது. சரி, உரிமை யாருக்கு? கட்டை யாரிடமோ அவருக்கு, அதாவது பதிப்பாளருக்கு. கட்டையை விற்றால் உரிமையும் கூடவே போய்விடும்.

இந்தப் படங்களை அந்தக் காலத்தில் யாரும் 'கலை' என்று அழைக்கவில்லை. அழைக்கச் சொல்லே இல்லை. 1873 வியன்னா உலகக் கண்காட்சியில் பங்கேற்க மெய்ஜி அரசு தயாரானபோது, ஜெர்மன் மொழியில் வந்த விதிமுறைகளை மொழிபெயர்ப்பதற்காக 'பிஜுத்ஸு' என்ற சொல் உண்டாக்கப்பட்டது. அரசு அலுவலகத்தில், கண்காட்சிப் பட்டியலுக்காகப் பிறந்த சொல் அது. கிதாஸாவா நொரியாகி 1989இல் எழுதிய நூல் இந்தப் பிறப்பை விரிவாகவே ஆராய்கிறது. சொல் வந்ததும் படிநிலை வந்தது. 1889இல் வகுப்புகளைத் தொடங்கிய தோக்கியோ கலைப்பள்ளியில் ஓவியமும் சிற்பமும் கைவினையும் இடம்பெற்றன. செய்தித்தாளுக்கும் கதைக்கும் போடப்படும் படங்களுக்கு மரியாதை இல்லை. அவற்றுக்கு 'சஷி-ஏ' என்று பெயர். செருகப்பட்ட படம் என்று பொருள். எழுத்து வீட்டுக்காரன், படம் திண்ணையில் உட்கார அனுமதிக்கப்பட்டவன்.

திண்ணையில் உட்கார்ந்தவனை அதிகாரம் சும்மா விட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். நாகாஹாரா ஜுன்இச்சி சிறுமியர் இதழ்களுக்கு வரைந்த பெண்கள் பெரிய கண்களும் மெலிந்த உடலும் கொண்டவர்கள். போர்க்காலத்துக்கு இந்தப் பெண் உதவமாட்டாள் என்று இராணுவம் நெருக்கடி தந்தது. 1940இல் அவர் படங்கள் 'ஷோஜோ நோ தொமோ' இதழிலிருந்து விலக்கப்பட்டன. ஒரு கண்ணின் அளவுகூட அரசு விவகாரம்! போர் முடிந்த மறு வருடமே, 1946இல், சொந்தமாகப் பத்திரிகை தொடங்கி அதே கண்களை மறுபடி வரைந்தார். வெறும் அழகாகத் தோன்றும் பாணிக்குள் இப்படியொரு பிடிவாதம் ஒளிந்திருக்கிறது.

அடுத்து இவாசாகி சிஹிரோ (1918-1974). 'டோட்டோ-சான்' நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழுக்கு வந்த புத்தகம். அதன் ஜப்பானிய மூலத்தில் உள்ள படங்கள் இவருடையவை. சிஹிரோவின் குழந்தைகளுக்குப் பல இடங்களில் எல்லைக்கோடு கிடையாது. ஈரத்தின் மேல் ஈரம் பரவி, நிறம் கசிந்து, கன்னம் எங்கே முடிந்து காற்று எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடியாது. 'மென்மை' என்று சொல்லி இதைக் கடந்துபோவார்கள். போரின்போது மஞ்சூரியாவுக்குப் போய்வந்தவர், 1946இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர், வியட்நாம் போர் நடந்த காலத்தில் போர்த்தீயில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி 1973இல் ஒரு படப்புத்தகம் செய்தவர் என்ற தகவல்கள் அந்த மென்மைக்குள் காணாமல் போகின்றன.

அதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. படத்தை மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது பதிப்பகங்களின் வழக்கமாக இருந்தது. அச்சான பிறகு அந்தத் தாள் வெறும் கழிவு என்கிற எண்ணம். சிஹிரோ மூலங்களைத் திருப்பிக் கேட்டார், படம் போடுபவருக்கும் ஆசிரிய உரிமை உண்டு என்று வாதாடினார். அவர் இறந்து மூன்றாண்டுகளில், 1977இல், தோக்கியோவில் அவர் வாழ்ந்த இடத்திலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 'டோட்டோ-சான்' நூலாக வெளிவந்தது 1981இல், சிஹிரோ இறந்து ஏழாண்டு கழித்து. ஆசிரியர் குரோயானாகி தெத்ஸுகோ, சிஹிரோ விட்டுச்சென்ற படங்களிலிருந்து தேர்ந்தெடுத்தார். மூலங்கள் திரும்பி வராமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தில் அந்தக் குழந்தைகள் இல்லை. எதோ காலத்தில் உளிக்கு இரையான தாள், இங்கே ஒரு பெண்ணின் பிடிவாதத்தால் பிழைத்துக்கொண்டது.

1960களில் 'சஷி-ஏ' என்ற பழைய சொல் பின்னுக்குப் போய் 'இலஸ்ட்ரேஷன்' என்ற இறக்குமதிச் சொல் வந்து உட்கார்ந்தது. உனோ அகிரா, வாதா மகோதோ, யோக்கோ தாதனோரி போன்றவர்கள் முன்னணியில் இருந்தார்கள். கமெகுரா யூசாகு 1964 ஒலிம்பிக்குக்காக வடிவமைத்த சுவரொட்டியில் ஒரு பெரிய சிவப்பு வட்டமும் பொன் வளையங்களும் மட்டுமே. சுத்தமான, நவீனமான, உலகத்துக்குக் காட்டத் தகுந்த ஜப்பான். அடுத்த ஆண்டே யோக்கோ ஒரு சுவரொட்டி செய்தார். கதிர் வீசும் சூரியன், ஃபுஜி மலை, அதிவேக ரயில், நடுவில் கையில் ரோஜாவோடு தூக்கில் தொங்கும் மனிதர். அந்த மனிதர் யோக்கோதான். நவீன வடிவமைப்பு குப்பையில் எறிந்த மலிவான நிறங்களையும் போர்க்காலச் சூரியக் கதிர்களையும் பொறுக்கிவந்து முகத்தில் அடித்த மாதிரி ஒட்டினார். பளபளப்பான வளர்ச்சி எதை மூடிமறைக்கிறது என்பதற்கான சாட்சியம் அது. ஆனால் படிநிலை சாமானியத்தில் விடுமா? 1972இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இவருக்குத் தனிக் கண்காட்சியே நடத்தியது. 1980இல் அதே இடத்தில் பிக்காஸோவைப் பார்த்துவிட்டு, இனித் தான் ஓவியர் என்று அறிவித்தார். திண்ணையை உடைத்தவருக்கே கடைசியில் வீட்டுக்குள் போகத் தோன்றியது.

திண்ணையை விட்டு நகரமாட்டேன் என்றவர் யுமுரா தெருஹிகோ. 1942இல் பிறந்தவர். இவரோடு சேர்த்துச் சொல்லப்படும் சொல் 'ஹெத்தா-உமா': மோசம், ஆனால் பிரமாதம். கோணல்மாணலான கோடு, கைகால் அளவு சரியில்லாத ஆட்கள். சின்னப் பையன் வரைந்த மாதிரி இருக்கும், ஆனால் சின்னப் பையனால் வரையமுடியாது. தேர்ச்சி என்பதே சந்தைச் சரக்காகிவிட்ட காலத்தில் தேர்ச்சியை மறுப்பது ஒரு நிலைப்பாடு. இவர் இயங்கிய களங்களில் ஒன்று 1964இல் தொடங்கி 2002இல் நின்றுபோன 'காரோ' பத்திரிகை. ஒரு கட்டத்துக்கு மேல் படைப்பாளிகளுக்குச் சன்மானமே தரமுடியாமல் நடந்த பத்திரிகை அது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்குத் தெரியாத கதையா! கூலி இல்லாத இடத்தில்தான் கோட்டுக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தது. இதை மட்டும் பெருமையாகச் சொல்லித் திரிந்தால் போதாது. 1980களில் விளம்பர உலகம் இதே கோணல் கோட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அமானோ யோஷிதாகாவின் கதை வேறு மாதிரி. மயிரிழை போன்ற தூரிகைக் கோடு, காற்றில் அலையும் ஆடைகள், வெளிறிய முகங்கள். 1987இல் 'ஃபைனல் ஃபேன்டசி' என்ற வீடியோ விளையாட்டுக்கு இவர் வரைந்தார். அன்றைய திரையில் இந்தக் கோட்டைக் காட்ட வழியே இல்லை. ஷிபுயா கஸுகோ என்ற பெண் அந்தப் படங்களைச் சில சதுரப் புள்ளிகளாக மாற்றிக் கொடுத்தார். உலகம் முழுக்கக் குழந்தைகள் விரல் நுனியால் ஓட்டியது அமானோவின் கோட்டை அல்ல, ஷிபுயாவின் புள்ளிகளை. உளிக்காரர் மறுபடியும் வந்துவிட்டார். பெட்டியின் மேல் அமானோ, திரைக்குள் ஷிபுயா.

2000இல் முரகாமி தகாஷி 'சூப்பர்ஃப்ளாட்' என்று ஒரு கோட்பாட்டை வைத்தார். எதோ காலத்து அச்சிலிருந்து இன்றைய அனிமேஷன் வரை ஆழமற்ற ஒரே தட்டைப் பரப்பு நீள்கிறது, அதுவே ஜப்பானியத் தனித்துவம் என்கிறது அது. உயர்கலை/வெகுஜனக்கலை என்ற எதிர்வை இது கலைத்தது உண்மை. ஆனால் கலைத்த கையோடு எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டையாக்கிவிட்டது. கட்டையின் சொந்தக்காரர், உளிக்காரர், திருப்பித் தரப்படாத மூலம், கொடுக்கப்படாத சன்மானம் எதுவும் அந்தப் பரப்பில் தெரிவதில்லை. பழைய ஆன்மாதான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இதன் விலை என்னவென்று 2022இல் தெரிந்தது. ஒரு சித்திரக்காரரின் சில படங்களைக் கொடுத்தால் அதே பாணியில் புதிய முகங்களை வரைந்து தரும் 'மிமிக்' என்ற சேவை அந்த ஆகஸ்டில் ஜப்பானில் அறிமுகமானது. சித்திரக்காரர்கள் கொதித்தார்கள். மறுநாளே அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது? 2018இல் திருத்தப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 30-4 பிரிவு, தகவல் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளை அனுமதியின்றிப் பயன்படுத்தப் பெருமளவு இடம் தருகிறது. உரியவரின் நலனை நியாயமின்றிப் பாதிக்கக் கூடாது என்ற நிபந்தனை ஒன்றுண்டு. பாணிக்கோ சட்டத்தில் பாதுகாப்பே கிடையாது. மென்பொருளுக்கு வேண்டியது படம் அல்ல, பாணிதான்.

அப்படியானால் பாணியைத் தனிச்சொத்தாக்கி வேலி போட்டுவிடலாமா? கூடாது. பழைய படங்களைப் பொறுக்கி வாழ்ந்த யோக்கோவே அப்போது முதல் குற்றவாளி ஆவார். குருவின் கோட்டை நகலெடுத்துக் கற்ற எதோ காலத்துச் சீடர்கள் எல்லாரும் திருடர்கள் ஆவார்கள். கோடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. கையைக் கேட்காமல், கைக்குக் கொடுக்காமல் கோட்டை மட்டும் உருவிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. பாணியை ஆன்மா என்று சொல்கிறவரை அது காற்றில் மிதக்கும் பொருள், யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். உழைப்பு என்று சொன்னால் கணக்குக் கேட்டாக வேண்டும். சிஹிரோ தன் தாள்களைத் திருப்பிக் கேட்டபோது கேட்டது அந்தக் கணக்கைத்தான். அது இன்னும் தீரவில்லை.