கொடி அடுப்பிலிருந்து ஹாப் வரை



புது வீடு கட்டிக் குடிபோகிற பிள்ளைகள் சிலர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "டீச்சர், மேடையில் பதிக்கிற ஹாப் வைக்கலாமா, சாதா கேஸ் அடுப்பே போதுமா, இல்லை இண்டக்‌ஷனுக்குப் போய்விடலாமா?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எதைக் கேட்டாலும் முதல் பாடத்திலிருந்து தொடங்குவது என் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அடுப்பு எப்படியெல்லாம் மாறி வந்தது, ஒவ்வொரு மாற்றத்திலும் யாருக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்துகொண்டால், கடைக்காரர் சொல்வதை நீங்களே எடைபோட்டுக் கொள்ளலாம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

*விறகு அடுப்பு*

'அடு' என்றால் சமை என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் அடுப்பு. சமையலறைக்குப் பழந்தமிழில் 'அட்டில்' என்று பெயர். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும்போது, சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்துக் கிடப்பதைச் சொல்கிறார். வீட்டின் நிலைமையை அடுப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பது அத்தனை பழைய செய்தி.

உங்கள் பாட்டி வீட்டில் இருந்த கொடி அடுப்பை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும். அதிலிருந்து உள்வழியாகப் போகும் அனலில் பக்கத்துச் சிறு அடுப்பில் குழம்போ வெந்நீரோ கொதிக்கும். ஒரு தீயில் இரண்டு வேலை. இன்றைக்குக் கேஸ் அடுப்பில் பெரிய பர்னர், சின்ன பர்னர் என்று வைக்கிறார்களே, அந்த யோசனை நம் மண் அடுப்பிலேயே இருந்தது.

நகரத்தில் காபிக்கும் பாலுக்கும் கரி போட்ட குமுட்டி அடுப்பு. மர அறுவை மில் இருந்த ஊர்களில் மரத்தூள் அடுப்பு. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக இடித்து அடைத்து, பாட்டிலை மெல்ல உருவி எடுத்துவிட்டுப் பற்றவைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். நெல் அரவை மில் பக்கம் உமி அடுப்பு. எந்த ஊரில் எது மலிவாகக் கிடைத்ததோ அதுதான் அந்த ஊரின் அடுப்பு.

இதன் மறுபக்கம் புகை. ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து, இருமிக்கொண்டே சமைத்தவர்கள் நம் அம்மாக்களும் பாட்டிகளும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்று ஒரு சொலவடை உண்டு. அதை வெறும் சொலவடையாக நான் பார்த்ததில்லை. காலையில் விறகு பொறுக்கிப் போட்டுவிட்டு, முதல் பாடவேளை முடிந்த பிறகு வந்து வாசலில் நிற்கும் பெண்பிள்ளைகள் எனக்கு எல்லா ஆண்டும் இருந்தார்கள். அந்த வருகைப் பதிவேட்டுக்கும் அடுப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

*புகையில்லா அடுப்பு*

இந்தப் புகையைப் பற்றிக் கவலைப்பட்ட பெரியவர்களில் ஒருவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. காந்தியடிகள் 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர். பிற்காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்தவர். வார்தாவின் மகன்வாடியில் உருவான 'மகன் சூலா' என்ற புகைபோக்கி வைத்த மண் அடுப்பு நாடு முழுவதும் பேசப்பட்டது. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் இதே வேலையில் இறங்கி, புகையில்லாத சமையலறை பற்றி 1953-இல் ஒரு நூலே எழுதினார். 1983 வாக்கில் மத்திய அரசும் மேம்படுத்திய அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது.

நோக்கம் நல்ல நோக்கம். ஆனாலும் பல வீடுகளில் அந்த அடுப்பு நிலைக்கவில்லை. காரணம் எளிது. புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் ஏறிச் சுத்தம் செய்வது? வாய் அளவு ஒரே மாதிரி இருந்தால் பெரிய அண்டாவை எங்கே வைப்பது? விறகைச் சின்னச் சின்னதாகப் பிளந்து போட யாருக்கு நேரம்? வரைபடத்தில் சரியாக இருந்த அடுப்பு, சமைப்பவரின் கைக்குச் சரியாக இல்லை. இந்தப் பாடத்தை மனதில் வையுங்கள். ஹாப் வாங்கும்போது இதே கேள்வி திரும்ப வரும்.

*மண்ணெண்ணெய் ஸ்டவ்*

குமரப்பா பிறந்த அதே 1892-ஆம் ஆண்டில் சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் பிரைமஸ் ஸ்டவ்வை உருவாக்கினார். நாம் 'பம்பு ஸ்டவ்' என்று சொன்னது அந்த வம்சம்தான். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் மேலே உள்ள குழாய் சூடாகும். பம்பு அடித்தால் மண்ணெண்ணெய் அந்தக் குழாய்க்குள் ஏறி ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியே சீறி வந்து காற்றோடு கலந்து நீலமாக எரியும். திரவமாக எரியாமல் ஆவியாக எரிவதால்தான் கரி படியவில்லை. துளை அடைத்தால் ஸ்டவ் பின் போட்டுக் குத்த வேண்டும். அந்தப் 'புஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் பல வீடுகளில் அதிகாலைச் சங்கு. இரைச்சல் பிடிக்காதவர்களுக்குத் திரி ஸ்டவ் வந்தது. ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையில் கேனோடு நின்ற அனுபவம் உங்களில் பாதிப் பேருக்கு இருக்கும்.

இந்த ஸ்டவ்வோடு சேர்ந்த ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற செய்தி 1970, 80-களில் நாளிதழ்களில் அடிக்கடி வந்தது. சில, உண்மையிலேயே விபத்து. பல, வரதட்சணைக் கொடுமையை மறைக்கச் சொன்ன காரணம். மாமியாருக்கு வெடிக்காத ஸ்டவ் மருமகளுக்கு மட்டும் எப்படி வெடிக்கிறது என்று பெண்கள் இயக்கங்கள் கேட்டன. 1983-இல் 498-ஏ பிரிவும், 1986-இல் வரதட்சணை மரணத்துக்கான 304-பி பிரிவும் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்ததற்குப் பின்னால் அந்தப் பெண்களின் உயிர் இருக்கிறது. அடுப்பின் வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

*கேஸ் வந்தது*

சமையல் எரிவாயு 1955-இல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனி மூலம் விற்பனைக்கு வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் முதல் இண்டேன் இணைப்பை 1965-இல் கல்கத்தாவில் கொடுத்தது. நம் ஊர்களுக்கு அது வந்து சேர நாளாயிற்று. பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கென்று கேஸ் இணைப்பு ஒதுக்கீடே இருந்தது என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே 1 அன்று மத்திய அரசின் உஜ்வலா திட்டம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கியது. அதன் பிறகு விறகு அடுப்பு கொல்லைப்புறத்துக்குப் போனது. வெந்நீர் போடவும், சிலிண்டர் தீர்ந்த நாளில் சமாளிக்கவும் இன்னும் இருக்கிறது.

கேஸ் இன்னொரு பெரிய மாற்றத்தையும் செய்தது. அதுவரை பெரும்பாலான வீடுகளில் தரையில் உட்கார்ந்துதான் சமையல். கேஸ் அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால் மேடை வந்தது. அம்மாக்கள் எழுந்து நின்றார்கள். ஆனால் அந்த மேடையின் உயரத்தைப் பெரும்பாலும் கொத்தனார்தான் முடிவு செய்தார். நிற்கப் போகிறவரைக் கேட்டவர்கள் குறைவு.

*சரி, எதை வாங்குவது?*

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் உயரம். சாதா கேஸ் அடுப்பு மேடை மேல் நிற்பதால் பாத்திரம் இன்னும் நாலு அங்குலம் மேலே போகும். ஹாப் மேடைக்குள் இறங்கிவிடுவதால் அந்த உயரம் குறையும். சமைப்பவர் குள்ளமானவர் என்றால் தோள்வலிக்கு இது உண்மையான நன்மை. மேடை ஏற்கெனவே தாழ்வாக இருந்தால் ஹாப் வைத்துக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். கரண்டியைக் கையில் கொடுத்து நிற்க வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே பாத்திர வாய் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, இடைவெளி. மூன்று, நான்கு பர்னர் என்று எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் வீட்டுக் குக்கர், தோசைக்கல், பெரிய வாணலி மூன்றின் அகலத்தையும் நூலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார வேண்டும்.

மூன்றாவது, கழுவுதல். சாதா அடுப்பைத் தூக்கி வைத்துக் கீழே துடைக்கலாம், வீடு மாறினால் கையோடு எடுத்துப் போகலாம். ஹாப்புக்குக் கிரானைட்டை வெட்ட வேண்டும். நாளை வேறு மாடல் வாங்கினால் அந்த ஓட்டை பொருந்தாமல் போகலாம். வாடகை வீட்டுக்கு ஹாப் வேண்டவே வேண்டாம். கண்ணாடி மேற்பரப்பு அழகுதான். சூடாக இருக்கும்போது தண்ணீர் கொட்டுவதும், கனமான பாத்திரத்தை 'டங்' என்று வைப்பதும் அதற்கு ஆகாது. நம் சமையலில் இரண்டும் தினமும் நடக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஸ்டீல் மேற்பரப்பே நல்லது.

நான்காவது, பாதுகாப்பு. பால் பொங்கித் தீ அணைந்தால் கேஸ் தானாக நின்றுவிடும் வசதி சில அடுப்புகளில் உண்டு. இரு வேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் சிறு மின்னோட்டம் பிறக்கும் என்று 1821-இல் சீபெக் கண்டறிந்தார். தீ எரியும்வரை அந்த மின்னோட்டம் ஒரு வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்து அந்த இணைப்பு ஆறியதும் வால்வு மூடிக்கொள்ளும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு, மற்ற அலங்காரங்களை விட்டுவிட்டு இதற்குப் பணம் கொடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும் என்பதையும் மறக்காதீர்கள். சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைத்தால் அடியில் காற்றுத் துளை கட்டாயம். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழாய் வழிக் கேஸ் வரப் போகும் ஊராக இருந்தால், அதற்கு ஜெட் மாற்ற முடியுமா என்று இப்போதே கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, இண்டக்‌ஷன். 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. அடுப்பு சூடாவதில்லை, பாத்திரம்தான் சூடாகிறது. அதனால் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். அலுமினியம், செம்பு, மண்சட்டி, ஈயச்சொம்பு எல்லாம் இதில் ஆகாது.

செலவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், நோட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ. கிலோவுக்குச் சுமார் 46 மெகா ஜூல் வெப்பம். மொத்தம் ஏறக்குறைய 650 மெகா ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகா ஜூல் என்பதால் இது 180 யூனிட்டுக்குச் சமம். நல்ல கேஸ் அடுப்பில் 68 விழுக்காடு வெப்பம் பாத்திரத்துக்குப் போகும் என்று வைத்தால் 123 யூனிட். இண்டக்‌ஷனில் 85 விழுக்காடு போகும் என்று கொண்டால், அதே சமையலுக்குச் சுமார் 145 யூனிட் மின்சாரம் வேண்டும். 145 யூனிட்டுக்கு உங்கள் வீட்டில் என்ன கட்டணம், சிலிண்டர் என்ன விலை என்று ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்யலாம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதம் மாறிவிடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2012-இல் மின்வெட்டில் நாம் பட்ட பாடும், கேஸ் தட்டுப்பாட்டில் பட்ட பாடும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் ஒரே எரிபொருளை நம்பாதீர்கள் என்பேன். மூன்று பர்னர் கேஸ் அடுப்பும் பக்கத்தில் ஒற்றை இண்டக்‌ஷன் ஸ்டவ்வும் இருந்தால் நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும். சொந்த வீடு, சரியான மேடை உயரம், அருகிலேயே சர்வீஸ் ஆள் என்று மூன்றும் அமைந்தால் ஹாப் வையுங்கள். விருந்தாளி பார்க்க வேண்டும் என்பதற்காக வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. அடுப்பு வாங்கப் போகும்போது, அதில் தினமும் சமைக்கப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்வதே முடிவாக இருக்கட்டும். என் வகுப்பில் படித்த ஆண்பிள்ளைகளே, அந்தச் சமைக்கிறவர் வாரத்தில் பாதி நாளாவது நீங்களாக இருந்தால் டீச்சருக்கு மிகவும் மகிழ்ச்சி.

உங்கள் வீட்டில் முதலில் இருந்தது எந்த அடுப்பு, கேஸ் எந்த ஆண்டு வந்தது என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு இங்கே எழுதுங்கள். அதுவும் வரலாறுதான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்