பழவேற்காட்டுப் பேரேடும் கும்மிடிப்பூண்டி உலைக்களமும்

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், பொன்னேரியும் கவரைப்பேட்டையும் கழிந்த பின் கும்மிடிப்பூண்டி வருகிறது. நிலையத்தில் இறங்கினால் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் கண்ணிற் படும். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் அங்கே பல உண்டு. அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவிலே பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். அவர் கையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. நிறுவனத்தின் வரவு செலவுத் திட்டத்தை வகுப்பது எவ்வாறு, வகுத்ததை மீறாது காப்பது எவ்வாறு என்று ஐந்து நாள் பயிற்சி தந்தார்களாம். "ஐயா, இதெல்லாம் மேல்நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த சாத்திரம். நம் ஊருக்கு இப்போதுதான் வந்திருக்கிறது" என்றார். "தம்பி, உன் தொழிற்சாலைக்குக் கிழக்கே இருக்கும் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்கு ஒருமுறை போய்வா. பிறகு பேசுவோம்" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதையே மாணவர்களாகிய உங்களுக்கும் இன்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

பட்ஜெட் என்னும் சொல் தோற்பை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. பழவேற்காட்டில் வாணிகம் செய்த டச்சுக்காரர்கள் அச்சொல்லை வழங்கவில்லை. ஆனால் அச்சொல் குறிக்கும் வேலையை அவர்கள் ஆண்டுதோறும் செய்துவந்தார்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தோன்றியது. 1610-இல் பழவேற்காட்டில் வாணிகம் செய்ய உரிமை பெற்று, 1613-இல் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையை அமைத்தது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே தலைமையிடமாயிற்று. அவர்களுக்கு வேண்டியிருந்தது நம் நெசவாளர் நெய்த துணி. சாதிக்காயும் கிராம்பும் மிளகும் விளைந்த கிழக்குத் தீவுகளில் வெள்ளிக் காசைவிடத் தமிழ், தெலுங்கு நாட்டுத் துணிக்கே மதிப்பு மிகுதி. ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள் பெற்று ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

இவ்வளவு பெரிய வாணிகத்தை ஆலந்து நாட்டிலிருந்து நடத்தியவர்கள் பதினேழு இயக்குநர்கள். பதினேழு பெருமக்கள் என்பதே அவர்கள் சபையின் பெயர். ஆண்டுதோறும் கூடி, எந்தச் சரக்கு எவ்வளவு வேண்டும் என்று நீண்ட பட்டியல் ஒன்றை எழுதுவார்கள். அதற்குக் 'கோரிக்கை' என்றே அவர்கள் மொழியிற் பெயர். கோரிக்கை கப்பலேறிச் சாவகத் தீவிலுள்ள பத்தாவியா நகரை அடைய ஏறக்குறைய எட்டு மாதம் பிடிக்கும். பத்தாவியாவிலிருந்த தலைமை ஆளுநரும் அவர் அவையும் தம் பகுதியின் தேவைகளையும் சேர்த்துப் பழவேற்காட்டுக்கு எவ்வளவு துணி, அதற்கு எவ்வளவு பொன்னும் வெள்ளியும் என்று பிரித்தளிப்பார்கள். பழவேற்காட்டு அதிகாரி நம் நாட்டு வணிகருக்கு முன்பணம் தருவார். வணிகர் அதை ஊர் ஊராகச் சென்று நெசவாளரிடம் சேர்ப்பார். துணி நெய்து, வண்ணமிட்டு, கட்டுக்கட்டி, கப்பலேற்றி ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேரும்போது, பட்டியல் எழுதிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமற் கழிந்திருக்கும்.

இலக்கை வகுப்பவர் ஓரிடம், பணத்தைப் பங்கிடுபவர் ஓரிடம், செலவழிப்பவர் ஓரிடம். அவர்கள் எவரும் காணாத நெசவாளர் வேறோரிடம். 1646, 1647 ஆண்டுகளில் இக்கரையிற் கொடிய பஞ்சம் வந்தது. சென்னைப் பட்டணம், சாந்தோம், பழவேற்காடு ஆகிய மூன்றிலும் மக்கள் மடிந்தார்கள். நெய்யும் கைகளே இல்லாதபோது துணிக்கு எங்கே போவது? ஆனால் மழை பொய்ப்பதற்கு முன் எழுதப்பட்ட கோரிக்கைகள் கப்பலில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். கணக்கு வகுப்பில் நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், 'ஏன் அவர்கள் மறுகடிதம் எழுதவில்லை?' என்று யாரேனும் ஒரு மாணவன் கேட்பான். எழுதினார்கள். அக்கடிதத்துக்கும் எட்டு மாதம் ஆகும் அல்லவா?

இனி, இவ்வேலைக்கு ஆட்களை எவ்வாறு பழக்கினார்கள் என்று பார்ப்போம். கல்லூரி ஏதுமில்லை. இளைஞன் ஒருவன் உதவி எழுத்தனாகச் சேர்வான். கடிதங்களையும் பேரேடுகளையும் படியெடுத்துப் படியெடுத்தே தொழிலைக் கற்பான். பின்பு கணக்கன், இளநிலை வணிகன், வணிகன், தலைமை வணிகன் எனப் படிப்படியாக உயர்வான். ஒவ்வொரு வரவுக்கும் ஈடான பற்றை எழுதும் இரட்டைப் பதிவு முறையிற் கணக்குகள் எழுதப்பட்டு, ஆண்டுதோறும் முடிக்கப்பட்டுப் பத்தாவியாவுக்குச் சென்றன. இவற்றினும் நான் வியப்பது வேறொன்று. பதவி விட்டுச் செல்லும் ஆளுநர், தமக்குப் பின் வருபவருக்காக ஓர் ஒப்படைப்புக் குறிப்பு எழுதிவைக்க வேண்டும். எந்த வணிகரை நம்பலாம், எந்தத் துணி எங்கே மலிவு, எந்தச் செலவைக் குறைக்க முயன்று தோற்றோம் என்பன போன்ற செய்திகளெல்லாம் அத்தகைய குறிப்புகளில் இடம்பெறும். இதைவிடச் சிறந்த பாடநூலை நான் அறியேன். இத்தகைய ஏடுகளை ஆராய்ந்து சோழமண்டல வணிகரின் வரலாற்றை எழுதியவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் கம்பெனியின் பணம் கசிந்தது. சம்பளம் சொற்பம், ஆதலால் அதிகாரிகள் தம் சொந்தக் கணக்கில் மறைவாக வாணிகம் செய்தார்கள். பேரேடு எழுதியதை மட்டுமே காட்டும், எழுதாததைக் காட்டாது. இவ்வூழலை ஆராய 1684-இல் வான் ரீடு என்பவரைத் தனி ஆணையராக இயக்குநர்கள் நியமித்தார்கள். மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றிப் பன்னிரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்ட அந்த அறிஞரே இவர். இலங்கை, வங்காளம், சோழமண்டலம் என ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தவர், 1691-இல் கடற்பயணத்திலேயே காலமானார். 1690-இல் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. கம்பெனியோ 1799-ஆம் ஆண்டின் இறுதியிற் கலைக்கப்பட்டது. அதன் ஐரோப்பியக் கணக்கும் ஆசியக் கணக்கும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்படவே இல்லை என்பதை வரலாற்றாசிரியர் ஒரு பெருங்குறையாகச் சுட்டுவர். 1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இதே வழக்கு வேறு வேடத்தில் எழுந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் கடன் பெருகவே, எக்கானமிஸ்ட் இதழைத் தோற்றுவித்த ஜேம்ஸ் வில்சன் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்து, 1860-இல் இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தார். வருமான வரி அதிற்றான் பிறந்தது. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் சார்லஸ் டிரெவெலியன். அரசுப் பணிக்குத் தேர்வு வைத்தே ஆள் எடுக்க வேண்டும் என்று 1854-இல் இங்கிலாந்தில் அறிக்கை எழுதிய இருவருள் ஒருவர். கிளர்ச்சியிற் பெரிதும் சேராத சென்னை மாகாணத்தின் மீது புதிய வரி ஏன், செலவைக் குறைத்தால் போதுமே என்று அவர் வாதிட்டார். வாதிட்டது குற்றமன்று, தம் எதிர்ப்பை ஊரறிய வெளியிட்டுவிட்டார். அதே ஆண்டில் அவர் பதவியினின்றும் திருப்பி அழைக்கப்பட்டார். வில்சனும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். சில ஆண்டுகளில் அதே டிரெவெலியன் நிதி உறுப்பினராக இந்தியா திரும்பினார். 1865-இல் வருமான வரி நிறுத்தப்பட்டது. பின்னர் அது மீண்டும் வந்தது வேறு கதை. ஏப்ரல் முதல் நாள் தொடங்கும் நிதியாண்டு 1867-இல் ஏற்பட்டது.

அந்த மார்ச்சு முடிவைப் பற்றி ஒரு சொல். தலைமையாசிரியனாக இருந்தபோது ஆய்வுக்கூடத்துக்குச் சோதனைக் குழாய்களும் அமிலங்களும் வேண்டுமென்று ஆவணியிலேயே மதிப்பீடு எழுதி அனுப்பினேன். மேலிடத்துப் பணம் பங்குனி நடுவில் வந்து சேர்ந்தது. 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். அத்தனை நாளுக்குள் கிடைத்தது ஓர் அழகிய கண்ணாடி அலமாரி மட்டுமே. உள்ளே வைக்க ஒன்றுமில்லாமல் அஃது ஓராண்டு நின்றது. கணக்கில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.

தொழில் நிறுவனங்களின் திட்டத்தைக் குறித்து முழுநூலாக எழுதியவர்களுள் முன்னோடி சிகாகோ பேராசிரியர் ஜேம்ஸ் மெக்கின்ஸி. அவர் நூல் 1922-இல் வந்தது. நம் நாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், செலவுக்கு மேல் இலாபம் என்ற கணக்கில் அரசு ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டபோது, உண்மையான அடக்கச் செலவு என்ன என்று கண்டறிய ஆளில்லாமற் போயிற்று. அடக்கவிலைக் கணக்காளர் கழகம் 1944-இல் தோன்றி, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டபூர்வ நிலை பெற்றது. எழுத்துத் தேர்வும் அலுவலகப் பழக்கமும் இரண்டும் வேண்டும் என்பது அதன் விதி. படியெடுத்துக் கற்ற பழவேற்காட்டு எழுத்தன் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பான்.

என் மாணவர் கோப்பிலிருந்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன். உலை ஒன்று மாதம் 1000 டன் உருக்கும் எனக் கொண்டு மின்சாரத்துக்கு 60 லட்ச ரூபாய் ஒதுக்கினார்கள் என வைத்துக்கொள்வோம். மாத முடிவிற் செலவு 54 லட்சம். 6 லட்சம் மிச்சம் என்று மேலாளர் மகிழ்கிறார். ஆனால் உருக்கியது 800 டன்தான். மின்செலவு முழுவதும் உருக்கும் அளவைப் பொறுத்தது என்று கொண்டால், 800 டன்னுக்கு உரியது 48 லட்சமே. மிச்சமன்று, 6 லட்சம் மிகைச் செலவு. உற்பத்திக்கு ஏற்ப ஒதுக்கீட்டையும் நகர்த்திப் பார்க்கும் இந்த நெகிழ் திட்டத்தைப் பதினேழு பெருமக்கள் அறிந்திருந்தால், பஞ்ச ஆண்டின் துணிக் குறைவைப் பழவேற்காட்டான் தலையிற் சுமத்தலாகாது என்று உணர்ந்திருப்பார்கள்.

"அந்த 6 லட்சம் ஏன் மிகுந்தது என்று யாரிடம் கேட்கச் சொல்லித் தந்தார்கள்?" என்று மாணவரை வினவினேன். அது பயிற்சியில் வரவில்லை என்றார். அடுத்த மாதம் வந்தபோது, இரவு முறையில் உலையருகே நிற்கும் ஒரு முதிய தொழிலாளியிடம் கேட்டதாகச் சொன்னார். ஈரமும் துருவும் மிகுந்த பழைய இரும்பு வந்ததால் உருக நேரம் பிடித்தது என்று அவர் ஒரே வரியில் விடை சொன்னாராம். அதைத் தம் பின் வருபவருக்காக ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருப்பதாகவும் மாணவர் கூறினார்.