பொருளுக்கு முன் பிறந்த பெயர்: ‘ஹீலியம்’ என்னும் கலைச்சொல்லின் வரலாறு

1. முன்னுரை

பொருளைக் கண்டபின் அதற்குப் பெயரிடுவதே உலக வழக்கு. அறிவியல் கலைச்சொற்களுள் சில இவ்வழக்கிற்கு மாறாக, பெயர் முன்னும் பொருள் பின்னுமாகத் தோன்றியுள்ளன. ‘ஹீலியம்’ அத்தகைய சொல். கதிரவனின் ஒளியில் அளந்தறியப்பட்ட மஞ்சள் கோடு ஒன்றை மட்டுமே சான்றாகக் கொண்டு அப்பெயர் இடப்பட்டது. அப்பெயருக்குரிய பொருள் ஆய்வுக்கூடத்தில் அகப்படக் கால் நூற்றாண்டு சென்றது. அதன்பின் வேதியியல் பகுப்பாய்வு, அணுத்துகள் ஆய்வு, செறிபொருள் இயற்பியல் ஆகிய துறைகளின் அளவீடுகள் அச்சொல்லின் பொருளை ஒவ்வொன்றாக வரையறுத்தன.

தமிழ் இலக்கண மரபு பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுக்கிறது. காரணம் கருதி இடப்பட்டும், அக்காரணமுடைய பிறவற்றுக்குச் செல்லாது ஒன்றற்கே உரியதாய் நிற்பதைக் காரண இடுகுறி என்பர். முள்ளுடைய செடிகள் பலவாயினும் ஒரு செடியையே குறிக்கும் ‘முள்ளி’ இதற்கு எடுத்துக்காட்டு. கருதிய காரணமே பின்னர்ப் பிழையெனத் தெரியவந்தால் அப்பெயரின் நிலை என்ன? அதனை மொழிபெயர்ப்பவர் பெயரைப் பெயர்ப்பதா, காரணத்தைப் பெயர்ப்பதா? ஹீலியத்தின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கோடுகளும் எழுத்துகளும்

கதிரவனின் நிறமாலையில் கருங்கோடுகள் இருத்தலை 1802-இல் வொல்லாஸ்டன் கண்டார். 1814-இல் பவேரியாவைச் சேர்ந்த கண்ணாடித் தொழில் வல்லுநர் பிரான்ஹோபர் அவற்றை நுணுகி ஆராய்ந்து, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகளை வரைந்து, முதன்மையானவற்றுக்கு ஏ, பி, சி, டி என எழுத்துகளைப் பெயராகச் சூட்டினார். அக்கோடுகள் தோன்றும் காரணத்தை அவர் அறியார். எனவே அவ்வெழுத்துகள் முழுமையான இடுகுறிகள். காரணம் எதனையும் கூறாமையால் அவை பிழைபடவும் இடமில்லை. இன்றுவரை அவை வழக்கில் நிலைத்திருப்பது இதனோடு இயைத்துக் காணத்தக்கது.

காரணத்தை 1859, 1860 ஆம் ஆண்டுகளில் ஹைடல்பர்கில் கிர்க்காபும் பன்சனும் விளக்கினர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உமிழும். அவ்வலைநீளங்களிலேயே ஒளியை உட்கவரும். மஞ்சள் நிறப் பகுதியிலுள்ள டி கோடு சோடியத்துக்குரியது. அது உண்மையில் 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளங்களில் அமைந்த இரட்டைக் கோடு. ஒரு பொருளைத் தொடாமலே அதன் தனிமங்களை அறியும் வழி இவ்வாறு பிறந்தது.

புதிய முறை புதிய தனிமங்களைத் தந்தது. அவற்றின் பெயர்களும் நிறமாலையிலிருந்தே பிறந்தன. வான்நீலக் கோடுகளால் அறியப்பட்டது சீசியம் (1860). செந்நிறக் கோடுகளால் ருபீடியம் (1861). இளந்தளிரின் பசுமை போன்ற கோட்டால் தாலியம் (1861). அவுரி நீலக் கோட்டால் இண்டியம் (1863). அவுரிச் சாயத்தின் ஐரோப்பியப் பெயர் இந்திய நாட்டின் பெயரடியாகப் பிறந்ததாதலின், இண்டியத்தின் பெயருக்குள் நம் நாட்டின் பெயரும் மறைந்து நிற்கிறது. இவை நான்கும் உலோகங்கள். நான்கும் ‘-இயம்’ என்னும் ஈற்றைப் பெற்றன. சோடியம், பொட்டாசியம் முதலியவற்றால் முன்னரே வேரூன்றிய அவ்வீறு, புதிதாகக் காணப்படும் உலோகத்தின் அடையாளம்போல் ஆகிவிட்டது.

3. 1868 ஆம் ஆண்டுக் கிரகணம்

1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை இந்தியத் தீபகற்பத்தின் குறுக்கே சென்றது. நிறமாலைமானியைக் கொண்டு ஆராயப்பட்ட முதல் முழுக் கிரகணம் அதுவேயாதலின், ஐரோப்பிய ஆய்வுக் குழுக்கள் பல இங்கு வந்தன. பிரெஞ்சு வானியலார் ஜான்சனும், பிரித்தானியக் குழுவின் டெனன்டும் குண்டூரில் தங்கினர். ஜான் ஹெர்ஷலின் மகனான படையதிகாரி ஹெர்ஷல் ஜமகண்டியில் இருந்தார். சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலார் பாக்சன் மசூலிப்பட்டினத்தில் நோக்கினார். அவ்வாய்வகத்தைச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாசாரி தனிக் குழுவொன்றுடன் வனபர்த்திக்குச் சென்றார்.

கதிரவனின் விளிம்பில் எழும் செந்நிறப் பிழம்புகள் ஒளிரும் வாயுக்களே என்பது அன்று உறுதியாயிற்று; அவற்றின் நிறமாலையில் ஒளிர்கோடுகள் தெரிந்தன. ஹைட்ரஜனின் கோடுகளோடு மஞ்சள் கோடு ஒன்றும் தோன்றியது. நோக்கியோர் பெரும்பாலும் அதனைச் சோடியத்தின் டி கோடாகவே கொண்டனர். பாக்சனின் அறிக்கை மட்டும் அக்கோட்டின் இடம் டி கோட்டோடு பொருந்துகிறது என்பதில் ஐயத்துக்கு இடம் வைத்தது. ஆயினும் அவ்வறிக்கை ஐரோப்பிய ஆய்விதழ் எதிலும் வெளிவரவில்லை. சென்னை அரசின் வெளியீடாக அச்சிடப்பட்டு, பரவலாகப் பயிலப்படாது போயிற்று. அறிவியல் செய்தி எங்கு, எத்தகைய வெளியீட்டில் பதிவாகிறது என்பதும் அதன் வரலாற்றை முடிவு செய்யும் என்பதற்கு இது சான்று.

ஜான்சன் மறுநாளே, கிரகணம் இல்லாதபோதும் பிழம்புகளின் கோடுகளைக் காண இயலும் எனக் கண்டறிந்தார். இங்கிலாந்தில் லாக்கியர் அக்டோபர் 20 அன்று தாமாகவே அம்முறையைக் கண்டார். இருவர் செய்தியும் பாரிசின் அறிவியல் கழகத்தில் ஒரே நாளில் படிக்கப்பட்டன. கிரகணத்தின் சில நிமிட அவசரம் நீங்கியதால் அமைதியாக அளக்க வழி பிறந்தது. அங்ஙனம் அளந்தபோது மஞ்சள் கோடு சோடியத்தின் இரட்டைக் கோட்டிலிருந்து சற்றே விலகி, 587.6 நானோமீட்டர் அலைநீளத்தில் நிற்பது தெளிவாயிற்று. அருகிலுள்ள சோடியக் கோட்டுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 1.4 நானோமீட்டர் மட்டுமே. ஒரு புதுத் தனிமத்தின் பெயர் முழுவதும் இந்தச் சிறு இடைவெளியின்மேல் எழுப்பப்பட்டது.

4. பெயரீடு

லாக்கியர் முதலில் இக்கோட்டுக்கு ‘டி-3’ என்றே பெயரிட்டார். வேதியியலாளர் பிராங்லண்டுடன் கூடி, ஹைட்ரஜனை வெவ்வேறு நிலைகளுக்கு உட்படுத்தி அதிலிருந்து இக்கோட்டைப் பெற முயன்றார், அது தோன்றவில்லை. எனவே, புவியில் அறியப்படாத தனிமம் ஒன்று கதிரவனில் உள்ளது என்னும் கருத்து அவரிடம் வலுப்பெற்றது. கதிரவனைக் குறிக்கும் ‘ஹீலியாஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லடியாக ‘ஹீலியம்’ என்னும் பெயர் அமைந்தது. 1871-இல் எடின்பரோவில் நடைபெற்ற பிரித்தானிய அறிவியல் கழக மாநாட்டின் தலைமையுரையில், பின்னாளில் கெல்வின் எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் இப்பெயரை வெளிப்படக் குறிப்பிட்டார்.

இப்பெயரின் இரு கூறுகளையும் பிரித்து நோக்க வேண்டும். பகுதி, பொருள் காணப்பட்ட இடத்தைக் கூறுகிறது. அஃது அளவீட்டின் பயன். ஈறு, பொருளின் இயல்பைக் கூறுகிறது. அஃது ஊகத்தின் பயன். சீசியம் முதலிய உலோகங்களின் வரிசையில் இதுவும் ஓர் உலோகமாகவே இருக்கும் எனக் கருதப்பட்டமையால் ‘-இயம்’ ஈறு வந்து சேர்ந்தது. அன்று அதனை மறுக்கவோ நிறுவவோ சான்று எதுவும் இல்லை.

5. ஆய்வுக்கூடச் சான்று

இப்பெயருக்குரிய பொருளை நோக்கிய வழியை வேறோர் அளவீடு திறந்தது. காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன், வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிட ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு கனமாக இருப்பதை ரேலி கண்டார். அவ்வேறுபாட்டைப் பிழையெனத் தள்ளாது தொடர்ந்ததன் விளைவாக, 1894-இல் அவரும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டறிந்தனர். எதனோடும் வினைபுரியாத அவ்வாயுவுக்குச் ‘சோம்பியது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே பெயராயிற்று.

ஆர்கான் சேர்மங்களைத் தேடிய ராம்சே, 1895 மார்ச்சில் கிளிவைட்டு என்னும் யுரேனியக் கனிமத்தை அமிலத்திலிட்டு வெளிவந்த வாயுவின் நிறமாலையை நோக்கினார். அமெரிக்க வேதியியலாளர் ஹில்பிராண்டு இத்தகைய கனிமத்திலிருந்து முன்னரே இவ்வாயுவைப் பெற்று, நைட்ரஜன் எனக் கொண்டிருந்தார். ராம்சே கண்டதோ பளிச்சிடும் மஞ்சள் கோடு. குருக்ஸ் அதன் அலைநீளத்தை அளந்து, அது டி-3 கோடே என உறுதிப்படுத்தினார். உப்சாலாவில் கிளீவும் லாங்லெட்டும் தனித்து இதே வாயுவைப் பெற்றனர்.

உடனே ஒரு தடை எழுந்தது. செருமனியில் ரூங்கேயும் பாஷனும் இவ்வாயுவின் மஞ்சள் கோடு தனிக்கோடு அன்று என்றும், மிக நெருங்கிய இரு கோடுகளால் ஆனது என்றும் கண்டனர். அவற்றினிடையே உள்ள தொலைவு 0.03 நானோமீட்டருக்குச் சற்று மிகுதி. கதிரவனின் டி-3 கோடோ அதுவரை தனிக்கோடாகவே கருதப்பட்டு வந்தது. இரண்டும் ஒன்றல்லவெனின், ‘ஹீலியம்’ என்னும் பெயரைப் புவியின் வாயுவுக்கு இடுவது பிழையாகும். கதிரவனின் கோட்டை மேலும் நுட்பமாக நோக்கியபோது அதுவும் இரட்டையாகவே தோன்றியது. கால் நூற்றாண்டாகப் பொருளின்றி நின்ற பெயர் அவ்வாறு பொருளைப் பெற்றது.

பொருள் கிடைத்ததும் ஈறு பொய்த்தது. ஹீலியம் உலோகம் அன்று. ஆர்கானின் இனத்தைச் சேர்ந்த மந்த வாயு. 1898-இல் அவ்வினத்தில் கண்டறியப்பட்ட நியான், கிரிப்டான், செனான் ஆகியவை ஆர்கானை ஒட்டி ‘-ஆன்’ என முடிந்தன. ஆயினும் ஹீலியத்தின் பெயரை எவரும் மாற்றவில்லை. 2016-இல் பன்னாட்டு வேதியியல் கழகம் இவ்வின வரிசையில் புதிதாகச் சேரும் தனிமங்களுக்கு ‘-ஆன்’ ஈற்றையே விதித்தது. ஹீலியம் மட்டும் விதிவிலக்காக நிற்கிறது.

6. பொருளின்றி மறைந்த பெயர்கள்

இதே வழியில் பிறந்து நிலைக்காது போன பெயர்களும் உண்டு. விண்முகில்களின் நிறமாலையில் ஹக்கின்ஸ் 1864-இல் கண்ட பச்சைக் கோடுகளுக்காக ‘நெபூலியம்’ என்னும் தனிமம் கற்பிக்கப்பட்டது. 1869 ஆம் ஆண்டுக் கிரகணத்தில் கதிரவனின் ஒளிவட்டத்தில் தெரிந்த பச்சைக் கோட்டுக்காகக் ‘கொரோனியம்’ கற்பிக்கப்பட்டது. முன்னது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே என 1927-இல் போவன் காட்டினார். பின்னது பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு என்பதைக் குரோத்ரியன், எட்லென் ஆகியோரின் ஆய்வுகள் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவின.

மூன்று பெயர்களும் ஒரே வகையில் ஆக்கப்பட்டவை. மூன்றுக்கும் சான்று கோடுகளே. சொல்லாக்கத்தை மட்டும் நோக்கி எது நிலைக்கும் என அன்று கூறியிருக்க முடியாது. ஒன்றை நிலைபெறச் செய்ததும் இரண்டை நீக்கியதும் பின்வந்த அளவீடுகளே.

7. பிற துறைகளில்

கதிரியக்கப் பொருள்கள் உமிழும் ஆல்பாத் துகள்கள் யாவை என்னும் வினாவுக்கு மான்செஸ்டரில் ரதர்போர்டும் ராய்ட்சும் 1909-இல் வெளியிட்ட ஆய்வு விடையளித்தது. மிக மெல்லிய கண்ணாடிச் சுவரை ஊடுருவி வந்த துகள்களைச் சேர்த்து மின்னிறக்கம் செய்தபோது ஹீலியத்தின் மஞ்சள் கோடு தோன்றியது. கிளிவைட்டுக்குள் ஹீலியம் வந்தது யுரேனியத்தின் சிதைவினாலேயே என்பதும் இதனால் விளங்கிற்று. பிற்காலத் துகள் இயற்பியலில், ஹீலியம்-3 அணுக்கருவுக்கு ‘ஹீலியான்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. தனிமத்துக்குக் கிட்டாத ‘-ஆன்’ ஈறு அதன் அணுக்கருவுக்குக் கிட்டியது. ஆனால் இங்கு அது புரோட்டான், நியூட்ரான் முதலியவற்றின் ஈறு. ஒரே ஒலியுடைய ஈறு துறைக்கேற்ப வேறு பொருள் தருதல் கருதத்தக்கது.

1908 ஜூலை 10 அன்று லைடனில் காமர்லிங் ஒன்னஸ் ஹீலியத்தை நீர்மமாக்கினார். அதன் கொதிநிலை 4.2 கெல்வின். 2.17 கெல்வினுக்குக் கீழே அது உராய்வின்றிப் பாய்வதை 1938-இல் வெளியான ஆய்வுகளில் மாஸ்கோவில் கபீட்சாவும் கேம்பிரிட்ஜில் ஆலன், மிசனர் ஆகியோரும் காட்டினர். முன்னரே வழங்கிய ‘மீக்கடத்துமை’ என்னும் கருத்தை ஒப்புமையாகக் கொண்டு கபீட்சா இந்நிலைக்குப் பெயரிட்டார். தமிழில் ‘மீக்கடத்துமை’, ‘மீப்பாய்மை’ என இரண்டிலும் ‘மீ’ என்னும் முன்னொட்டை ஆளும்போது அவ்வொப்புமையும் உடன் பெயர்க்கப்படுகிறது. ஒன்றை ‘மீ’ எனவும் மற்றதை ‘மிகு’ எனவும் பெயர்த்தால் சொற்கள் இரண்டும் தனித்தனியே சரியாகவே இருக்கும். அவற்றினிடையே உள்ள உறவு மட்டும் அறுந்துபோகும்.

8. மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய பாடம்

இவ்வரலாற்றோடு ஆக்சிஜனின் பெயரை ஒப்பிடுதல் பயன் தரும். எல்லா அமிலங்களுக்கும் இவ்வாயுவே மூலம் எனக் கருதிய லவாய்சியர், ‘அமிலம் தருவது’ என்னும் பொருளில் அப்பெயரை ஆக்கினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லையெனத் தெரிந்தபின் அக்காரணம் வீழ்ந்தது. செருமன், உருசியம், சப்பானியம் ஆகிய மொழிகள் பெயரின் காரணத்தையே மொழிபெயர்த்தமையால் அப்பிழை அம்மொழிகளில் வெளிப்படையாக நிற்கிறது. தமிழில் வழங்கும் ‘பிராணவாயு’, ‘உயிர்வளி’ ஆகியவை மூலச்சொல்லின் காரணத்தை விடுத்து, பொருளின் வேறொரு தன்மையைப் பற்றின. அப்பிழையும் நம்மிடம் வரவில்லை.

ஹீலியத்துக்குத் தமிழாக்கம் தேடுவோர் ‘எல்’, ‘பரிதி’ முதலிய அடிகளைக் கொள்ளலாம். பகுதியில் இடரில்லை, அது காணப்பட்ட இடத்தைக் கூறும் உண்மை. ஈற்றில்தான் தெரிவு உள்ளது. ‘-இயம்’ எனத் தமிழிலும் முடித்தால் உலோகம் என்னும் பழைய ஊகத்தின் சுவடு தொடரும். வேறு ஈறு கொடுத்தால் மூலச்சொல்லில் இல்லாத திருத்தம் ஒன்றை மொழிபெயர்ப்பாளர் செய்தவராவார். ஒலிபெயர்ப்பாகிய ‘ஹீலியம்’, ‘ஈலியம்’ என்பன இத்தெரிவைத் தவிர்க்கின்றன. கூடவே, தமிழ் மாணவர்க்குப் பகுதியின் பொருளும் மறைகிறது. எதனைக் கொள்ளினும் எதனை இழக்கிறோம் என்பதை அறிந்தே கொள்ள வேண்டும்.

9. முடிவுரை

சொல்லின் பொருட்காரணம் எளிதில் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பிய உரியியலில் காணும் கருத்து. அறிவியல் கலைச்சொல்லில் காரணம் விளங்கித் தோன்றும். ஆனால் அது பெயரிட்ட நாளின் அறிவே. அளவீடு வளர வளர அக்காரணம் உறுதிப்படலாம், பொய்க்கலாம். பொய்த்த காரணத்தோடும் ஒரு சொல் நிலைபெறுவது, அது சுட்டிய பொருள் உண்மையில் இருப்பதனால். காரணப்பெயராய்ப் பிறந்து இடுகுறியாய் வாழும் ஹீலியம் இதற்குச் சான்று. ஆதலின், கலைச்சொல்லைப் பெயர்க்க முற்படுவோர் அகராதியில் அச்சொல்லின் பொருளைக் காண்பதோடு அமையாது, எந்த ஆண்டில், எந்த அளவீட்டை நம்பி அது ஆக்கப்பட்டது என்பதையும் காணுதல் இன்றியமையாததாகும்.