குழந்தைகள், முதியோர் பாதுகாப்புப் பணியாளர்கள்: தகுதி, பயிற்சி, தொழில்முறைப் பதிவு குறித்துச் சட்டங்கள் கூறுவது என்ன?

மருத்துவம் பார்க்க மருத்துவக் கவுன்சிலிலும், நீதிமன்றத்தில் வாதாட வழக்குரைஞர் கவுன்சிலிலும் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால், ஒரு குழந்தையைப் பெற்றோரிடமே ஒப்படைப்பதா, காப்பகத்தில் தங்கவைப்பதா என்ற முடிவுக்கு அடிப்படையாகும் அறிக்கையைத் தயாரிக்கும் சமூகப் பணியாளருக்கு இந்தியாவில் அத்தகைய பதிவு கட்டாயமில்லை.

குழந்தைகள், முதியோர், குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்கள் ஆகியோரின் பாதுகாப்புக்காகப் பணியாற்றுவோருக்கு விதிக்கப்பட்டுள்ள தகுதிகள், பயிற்சிகள், இன்னும் நிரப்பப்படாத இடைவெளிகள் குறித்த விளக்கம்:

யார் இந்தப் பணியாளர்கள்?

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் கீழ் மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு, இளைஞர் நீதிக் குழுமம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவை செயல்படுகின்றன. பாதுகாப்பு அலகில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் உள்ளிட்டோர் உள்ளனர். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் பணியாற்றும் இவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள்.

ஓர் அறிக்கையின் முக்கியத்துவம்

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் முன்னிலைப்படுத்த வேண்டும். அதன்பின் குழந்தையின் வீட்டுச்சூழல், உறவுகள், பாதிப்பு ஆகியவை குறித்த சமூக விசாரணையை 15 நாள்களில் முடிக்க வேண்டும். குழந்தை முதன்முதலாக முன்னிலைப்படுத்தப்பட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் குழு இறுதி உத்தரவு பிறப்பிக்க இது வழிசெய்கிறது.

குற்றவியல் நடுவருக்குரிய அதிகாரம் கொண்ட இக்குழு, குழந்தையின் வீட்டை நேரில் காண்பது அரிது. களத்துக்குச் சென்று வந்த பணியாளரின் அறிக்கையே பெரும்பாலும் அதற்குக் கண்ணாகிறது. ஆபத்தைக் கவனிக்கத் தவறினால் துன்புறுத்தியவரிடமே குழந்தை திரும்பிச் செல்ல நேரிடும். வறுமையைப் புறக்கணிப்பு எனத் தவறாகக் கணித்தால் அன்பான குடும்பத்திலிருந்து அக்குழந்தை பிரிக்கப்படும். இரண்டுமே எளிதில் சரிசெய்ய இயலாத தவறுகள்.

தகுதிகள் என்ன?

2021-ஆம் ஆண்டு திருத்தச் சட்டம், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கான தகுதியைக் கடுமையாக்கியது. குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சட்டம், சமூகப் பணி, சமூகவியல் உள்ளிட்ட துறைகளில் பட்டம் பெற்று, குழந்தைகள் நலப் பணிகளில் 7 ஆண்டுகள் ஈடுபட்டிருக்க வேண்டும் அல்லது அத்துறைகளில் பட்டம் பெற்றுத் தொழில் புரிபவராக இருக்க வேண்டும். உறுப்பினர்களுக்கு இரு மாதங்களுக்குள் அறிமுகப் பயிற்சி அளிக்கப்படுவதை மாநில அரசு உறுதிசெய்ய வேண்டும்.

களப்பணியாளர்களின் தகுதிகளைத் திட்ட வழிகாட்டு நெறிமுறைகள் நிர்ணயிக்கின்றன. புறத்தொடர்புப் பணியாளருக்கு 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. அதாவது, முடிவெடுப்பவருக்கான தகுதி சட்டத்திலேயே இடம்பெற்றிருக்க, அந்த முடிவுக்குத் தகவல் திரட்டுபவரின் தகுதி பணி நியமன நிபந்தனையாக மட்டுமே உள்ளது.

இல்லத்துக்குப் பதிவு, பணியாளருக்கு இல்லை

குழந்தைகள் இல்லங்களை 41-ஆவது பிரிவின்கீழ் பதிவு செய்வது கட்டாயம். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். பதிவின்றி இல்லம் நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அந்த இல்லத்தில் பணியாற்றும் சமூகப் பணியாளருக்கோ பதிவேடு எதுவும் இல்லை. கடுமையான தவறிழைத்தால் அவரைப் பணிநீக்கம் செய்யலாம்; குற்றமெனில் வழக்குத் தொடரலாம். ஆனால், தொழில் செய்யும் உரிமையை ரத்து செய்யும் அமைப்பு இல்லாததால், ஓரிடத்தில் நீக்கப்பட்டவர் வேறோர் அமைப்பில் சேருவதைத் தொழில்முறையில் தடுக்க வழியில்லை.

முதியோரும் பெண்களும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் தலைமையில் தீர்ப்பாயங்களை ஏற்படுத்தியுள்ளது. மாவட்ட சமூக நல அலுவலர் அல்லது அவருக்கு இணையான அதிகாரி பராமரிப்பு அலுவலராகச் செயல்படுவார். வீட்டுக்குச் சென்று முதியவரின் நிலையை மதிப்பிடுவதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற பணியாளர் பிரிவை இச்சட்டம் உருவாக்கவில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன்கீழ் நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலருக்குச் சமூகத் துறையில் 3 ஆண்டு அனுபவம் தேவை. நடுவர் உத்தரவிட்ட கடமையைத் தக்க காரணமின்றிச் செய்யத் தவறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.20,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது.

சான்றிதழும் உரிமமும்

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இயங்கும் 'சம்வாத்' அமைப்பு, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவுடன் குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. மும்பையில் 1936-இல் தொடங்கப்பட்ட டாடா சமூக அறிவியல் நிறுவனம், சென்னையில் 1952-இல் தொடங்கப்பட்ட சமூகப் பணிக் கல்லூரி உள்ளிட்டவை பல ஆண்டுகளாகச் சமூகப் பணிப் பட்டங்களை வழங்கி வருகின்றன.

இவை ஒருவர் கற்றதற்குச் சான்று. தொழில் புரிவதற்கான உரிமம் அல்ல. உரிமம் என்பது தேர்வு, பதிவு, குறித்த கால இடைவெளியில் புதுப்பித்தல், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய நான்கையும் உள்ளடக்கியது.

சில பிரிவினருக்கு மட்டும் சட்டபூர்வப் பதிவு முறை உள்ளது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல சமூகப் பணியாளருக்கான தகுதியை வரையறுத்து, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வகை செய்கிறது. துணை மருத்துவ மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம், 2021-இன் அட்டவணையில் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்கள் இடம்பெற்றுள்ளனர். சமூகப் பணித் தொழில் முழுமைக்குமான தேசிய கவுன்சில் வேண்டும் என்ற நீண்டகாலக் கோரிக்கை இன்னும் சட்டமாகவில்லை.

பிரிட்டனின் இங்கிலாந்துப் பகுதியில் 'சோஷியல் வொர்க்கர்' என்ற பெயரையே பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்த முடியும். 2019 டிசம்பர் முதல் 'சோஷியல் வொர்க் இங்கிலாந்து' அமைப்பு அப்பதிவேட்டைப் பராமரிக்கிறது. பிலிப்பின்ஸில் 1965-ஆம் ஆண்டு முதலே உரிமத் தேர்வுக்குச் சட்டம் உள்ளது.

பதிவு மட்டும் போதுமா?

பட்டத்தை மட்டும் அளவுகோலாக்கினால், பல ஆண்டு அனுபவம் கொண்ட களப்பணியாளர்கள் வெளியேற்றப்படும் அபாயம் உள்ளது. குறைந்த ஊதியம் பெறும் ஒப்பந்த ஊழியர் மீது தேர்வு, புதுப்பித்தல் கட்டணங்கள் கூடுதல் சுமையாகும். அளவுக்கு மீறிய பணிச்சுமையையும் காலிப் பணியிடங்களையும் சான்றிதழால் ஈடுசெய்ய இயலாது. எனவே, அனுபவத்தை மதிப்பிடும் மாற்று வழி, அரசே ஏற்கும் பயிற்சிச் செலவு, பணிப் பாதுகாப்பு ஆகியவை இணைந்தால்தான் பதிவு முறை பயன்தரும்.

பொதுமக்கள் யாரை அணுகலாம்?

குழந்தைகள் தொடர்பான உதவிக்கு 1098, முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181 ஆகிய எண்களை அழைக்கலாம். குழந்தைகள் நலக் குழுவின் செயல்பாடு குறித்த புகாரைக் குழந்தையோ, குழந்தையுடன் தொடர்புடைய எவருமோ மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கலாம். குழுவின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் 30 நாள்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு தொடர்பான உத்தரவுகளுக்கு மட்டும் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும்.