கோல்மன் அறிக்கை: மார்க் யாருடையது?

ரெண்டாம் வருஷம் புள்ளியியல் பேப்பரில் தொடர்புக் கெழு நடத்தும்போது, "இது எதுக்குடா நமக்கு?" என்று பின் பெஞ்சில் முனகிய கும்பலில் நானும் ஒருவன். அந்தச் சமாச்சாரம் ஒரு நாட்டின் தொடக்கப் பள்ளிகளைப் படுத்திய பாட்டைப் பிறகு படித்தபோதுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதை நடந்தது அமெரிக்காவில்.

1954ல் அங்கே உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. கான்சாஸ் மாநிலம் டொபீகாவில், நடக்கிற தூரத்தில் இருந்த சம்னர் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டு, தொலைவில் இருந்த மன்ரோ பள்ளிக்குப் போய்வந்த லிண்டா பிரவுன் என்ற சிறுமியின் அப்பா போட்ட வழக்கு அது. இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. டொபீகாவில் இரண்டு தரப்புப் பள்ளிகளின் கட்டடமும் வசதியும் ஏறக்குறைய சமம்தான் என்று கீழ் நீதிமன்றமே சொல்லியிருந்தது. வசதி சமமாக இருந்தாலும் பிரித்து வைப்பதே தப்பு என்றது உச்ச நீதிமன்றம்.

தீர்ப்பு வந்துவிட்டது, சரி. பிள்ளைகள் சேர்ந்தார்களா? பத்து வருஷம் கழித்தும் தென் மாநிலங்களில் வெள்ளையருடன் சேர்ந்து படித்த கறுப்புப் பிள்ளைகள் 100க்கு 2 பேர்கூட இல்லை. 1964ல் வந்த குடியுரிமைச் சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு இருந்தது: பள்ளிகளில் சம வாய்ப்பு எவ்வளவு இல்லை என்று இரண்டு வருஷத்துக்குள் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும். வேலை ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் பேராசிரியர் கைக்குப் போனது. சுமார் 4,000 பள்ளிகள், 6 லட்சத்தை ஒட்டிய மாணவர்கள், 60,000 ஆசிரியர்கள். அதுவரை யாரும் இந்த அளவில் பள்ளிப் பிள்ளைகளை எண்ணியதில்லை. 1, 3, 6, 9, 12ஆம் வகுப்புகளுக்குப் பரீட்சையும் வைத்தார்கள். சில பெரிய நகரங்கள் ஒத்துழைக்காமல் கையை விரித்தன, அது வேறு கதை.

என்ன வரும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும் என்றுதான் நினைத்தார்கள், கோல்மன் உட்பட. கறுப்பர் பள்ளியில் பெஞ்சு இருக்காது, லேப் இருக்காது, அதனால் மார்க் குறையும். அரசாங்கம் பணம் போட்டால் முடிந்தது. 1965ல்தான் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்காக ஜான்சன் அரசு தனிச் சட்டம் போட்டு, ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் என்று ஆரம்பித்திருந்தது.

1966 ஜூலை 4 விடுமுறையை ஒட்டி, 737 பக்க அறிக்கையைச் சத்தமில்லாமல் வெளியிட்டார்கள். விடுமுறைக்கு வெளியிட்டால் யாரும் படிக்கமாட்டார்கள் என்கிற தந்திரம் எல்லா ஊர் அரசாங்கத்துக்கும் தெரியும்போல!

பிரிவினை உண்மைதான் என்றது அறிக்கை. வெள்ளைப் பிள்ளைகளில் சுமார் 80 சதவீதம் பேர், 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளையரே இருக்கும் பள்ளியில் படித்தார்கள். மார்க் இடைவெளியும் உண்மை. வடகிழக்கு நகரங்களில் கறுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் 1.6 வருஷம், ஒன்பதாவதில் 2.4, பன்னிரண்டாவதில் 3.3 வருஷம் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் வசதி வித்தியாசம் எதிர்பார்த்த அளவு இல்லை. தொடக்கப் பள்ளியில் ஒரு அறைக்கு வெள்ளையர் சராசரி 29 பேர், மற்ற இனத்தவர் 30லிருந்து 33. (எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மத்திய மேற்கு நகரங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் அதே கணக்கு வெள்ளையருக்கு 33, கறுப்பருக்கு 54.) மார்க்கை அதிகம் விளக்கியது பிள்ளையின் குடும்பப் பின்னணி. அதற்கடுத்து, பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது.

உடனே, "பள்ளியால் ஒன்றும் ஆகாது, எல்லாம் வீட்டில் இருக்கிறது" என்று ஒரு வரியாகச் சுருக்கிவிட்டார்கள். ஏழைப் பள்ளிக்குப் பணம் கொடுப்பது வீண் என்று வாதாடியவர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி. அதே அறிக்கையில், பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமும் வசதியான பிள்ளைகளைவிடச் சிறுபான்மைப் பிள்ளைகளைத்தான் அதிகம் பாதிக்கின்றன என்றும் இருந்தது. அதை யார் படித்தார்கள்?

1968ல் பௌல்ஸ், லெவின் என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் கணக்கிலேயே கை வைத்தார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான், காமர்ஸ்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரே கட்டடத்தில் இரண்டு டிபார்ட்மென்ட். வாடகை பொதுச் செலவு. முழு வாடகையையும் முதல் டிபார்ட்மென்ட் தலையில் எழுதிவிட்டு, "பாருங்கள், இரண்டாவது டிபார்ட்மென்டுக்குச் செலவே இல்லை" என்றால் காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியார் சும்மா விடுவாரா? பணக்கார வீட்டுப் பிள்ளை நல்ல பள்ளியில்தான் இருக்கும். வீடும் பள்ளியும் ஒட்டியே வருகின்றன. கோல்மன் குழு குடும்பப் பின்னணியை முதலில் கணக்கில் ஏற்றியது. இரண்டுக்கும் பொதுவான பங்கு முழுக்க வீட்டுக் கணக்கில் போய்விட்டது. பள்ளிக்கு மிச்சம்தான். வரிசையை மாற்றியிருந்தால் பள்ளியின் பங்கு கூடியிருக்கும். கோல்மன் வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எதை முதலில் எழுதுவது என்ற ஒரு முடிவு, லட்சக்கணக்கான பிள்ளைகளின் பள்ளிக்குப் பணம் போகலாமா என்ற சண்டையில் ஆயுதமாகிவிட்டது.

பக்கத்து பெஞ்சு முடிவை இன்னொரு தரப்பு எடுத்துக்கொண்டது. அப்படியென்றால் பிள்ளைகளைக் கலந்து உட்காரவைப்போம் என்றார்கள். 1971ல் உச்ச நீதிமன்றமும் பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்புவதை ஏற்றுக்கொண்டது. 1975ல் அதே கோல்மன், பஸ் திட்டத்துக்குப் பயந்து வெள்ளையர் பெருநகரங்களை விட்டு ஓடுகிறார்கள் என்று எழுத, நேற்றுவரை தூக்கிவைத்தவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தில் அவர்மேல் கண்டனம் கொண்டுவரவும் முயற்சி நடந்தது. பலிக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் அதே சங்கத்துக்கு அவரே தலைவரானார். 1995ல் காலமானார்.

மார்க் என்ன ஆனது? அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில், 17 வயது மாணவர்களின் வாசிப்பில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் நடுவே 1971ல் 53 புள்ளி வித்தியாசம். 1988ல் 20. அந்தப் பதினேழு வருஷத்தில் வீடு மாறியதா, பள்ளி மாறியதா, பெஞ்சு மாறியதா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். 1990களில் வித்தியாசம் மறுபடி கூடியது.