கெல்ட்ரான் பெட்டியும் வளைகுடாப் பெட்டியும்: 1973க்குப் பின் திருவனந்தபுரத்து வீடுகள்

கேரளத்து வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் 1973ஆம் ஆண்டை இருமுறை குறிக்க வேண்டியிருக்கும். அவ்வாண்டில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள மாநில மின்னணுவியல் வளர்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. கெல்ட்ரான் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்நிறுவனமே, இந்தியாவில் ஒரு மாநில அரசு மின்னணுத் துறைக்கெனத் தொடங்கிய முதல் கழகம். அதே ஆண்டு அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விலையை உயர்த்த, சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. முதல் நிகழ்வு மின்னணுப் பொருள்களைக் கேரளத்திலேயே உருவாக்கும் முயற்சிக்குத் தொடக்கம். இரண்டாவது நிகழ்வு, அத்தகைய பொருள்களை வாங்கும் பணத்தைக் கேரளத்து வீடுகளுக்குக் கொண்டுவந்தது. உற்பத்தி முயற்சியும் வாங்கும் ஆற்றலும் ஒரே மண்ணில் ஒரே காலத்தில் வளர்ந்தும், ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்கவில்லை. ஏன் என்பதே இங்கு எழும் வினா.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை எளிமையானது. கெல்ட்ரான் அரசு நிறுவனம். அரசு நிறுவனங்கள் சந்தையில் தோற்கும். கேரளத்தின் தொழிற்சங்கங்கள் எஞ்சியதையும் முடித்துவைக்கும். இவ்விடையில் உண்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே காலத்தில் அதே பொருளைத் தயாரித்த பிற நிறுவனங்களின் கதையையும் அருகில் வைத்துப் பார்த்தால், இவ்விடை பாதி வழியிலேயே நின்றுவிடுவதைக் காணலாம்.

மின்சாரம் இல்லாத வீட்டில் மின்னணுப் பொருளுக்கு இடமில்லை என்பதால், சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1929இல் திருவனந்தபுரம் நகருக்கு மின்விளக்கு வந்தது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. 1943இல் திருவிதாங்கூர் அரசு சொந்தமாக ஒரு வானொலி நிலையத்தை நகரில் நிறுவியது. 1950இல் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. எனினும் வானொலிப் பெட்டி நெடுங்காலம் வசதி படைத்தோரின் கூடத்துப் பொருளாகவே இருந்தது. அதற்கு உரிமம் தேவை. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். 1976இல் இடுக்கி அணையின் மின்னாக்கம் தொடங்கிய பிறகே மாநிலத்தின் மின்வழங்கல் பெரிய அளவில் விரிவதற்கான அடித்தளம் அமைந்தது.

கெல்ட்ரான் தோன்றியபோது சி. அச்சுத மேனன் முதலமைச்சர், டி.வி. தாமஸ் தொழில்துறை அமைச்சர். கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியைச் சேர்ந்தவரும் டாடா குழுமத்தின் நெல்கோ நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்தவருமான கே.பி.பி. நம்பியார் அழைத்துவரப்பட்டு, கழகத்தை உருவாக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மின்னணுத் துறையைத் தேர்ந்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. கேரளத்தில் நிலக்கரி இல்லை. மக்கள் நெருக்கத்தால் பெருந்தொழிலுக்கு வேண்டிய பரந்த நிலமும் இல்லை. படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்களும் இளம்பெண்களும் மிகுதியாக இருந்தனர். திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் ஐக்கிய நாடுகள் அவைக்காகத் தயாரித்து 1975இல் வெளியான வறுமை, வேலையின்மை பற்றிய ஆய்வு, கல்வியிலும் நலவாழ்விலும் முன்னேறிய ஒரு மாநிலம் வருமானத்தில் பின்தங்கி நிற்கும் முரணை உலக அறிஞர்களின் பார்வைக்குக் கொண்டுவந்தது. குறைந்த நிலமும் குறைந்த மின்சாரமும் கொண்டு, படித்த கைகளுக்கு வேலை தரும் தொழில் எது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த விடை மின்னணுவியல்.

நம்பியாரின் திட்டத்தில் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. முழுப்பெட்டியைப் பூட்டி விற்பதோடு அவர் நிற்கவில்லை. அதற்குள் இருக்கும் உறுப்புகளையும் கேரளத்திலேயே செய்ய முனைந்தார். கல்யாசேரியில் மின்தேக்கி ஆலை எழுந்தது. மின்தடையம், படிகம், காந்தப்பொருள் முதலியவற்றுக்கெனக் கண்ணூர் வட்டாரத்தில் தனித்தனி அலகுகள் உருவாயின. திருவனந்தபுரத்தை அடுத்த கரகுளம், மோன்விளை ஆகிய இடங்களில் கருவிகளுக்கான வளாகங்கள் அமைந்தன. வானொலி, கணிப்பான், கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை கெல்ட்ரான் பெயரைத் தாங்கிக் கடைகளுக்கு வந்தன.

இப்பொருள்களை உருவாக்கிய உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. கழகத்தின் ஆலைகளில் மட்டுமல்லாமல், அதனோடு இணைந்த மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களிலும் பள்ளிப்படிப்பை முடித்த பெண்கள் மின்சுற்றுப் பலகைகளில் உறுப்புகளைப் பொருத்திப் பற்றவைக்கும் வேலையைச் செய்தனர். பெண்களின் விரல்கள் இயல்பிலேயே நுண்மையானவை என்ற பேச்சு அன்று உலகெங்கும் மின்னணு ஆலைகளில் வழங்கிவந்தது. டயான் எல்சன், ரூத் பியர்சன் ஆகியோர் 1981இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இப்பேச்சை மறுத்தது. அது பிறவிக் குணமன்று. வீட்டில் தையல் முதலிய வேலைகளில் பெற்ற பயிற்சி. பயிற்சி என்று ஒப்புக்கொண்டால் அதற்குரிய கூலி தர வேண்டும் என்பதால்தான் இயல்பு என்று சொல்லப்பட்டது. கேரளத்தின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இவ்வாதம் பொருந்தும். ஒரு வேறுபாட்டையும் கருத வேண்டும். சங்கத்தில் உறுப்பினராயிருந்த பெண், பெயரளவிலேனும் அத்தொழிலின் பங்குதாரர். ஆனால் வேலையின் அளவையும் விலையையும் வெளியிலிருந்து வரும் ஒப்பந்தமே முடிவு செய்தபோது, அப்பங்கின் மதிப்பும் அதற்குள் அடங்கிவிட்டது.

கெல்ட்ரான் தோன்றிய ஆண்டில் கேரளத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது. தில்லியும் பம்பாயும் உள்ளிட்ட மிகச் சில நகரங்களே அன்று தொலைக்காட்சியைக் கண்டிருந்தன. சென்னை நிலையம் 1975இல் வந்தது. திருவனந்தபுரம் நிலையம் 1982இல் அமைந்தது. மலையாள நிகழ்ச்சிகள் 1985 ஜனவரி 1ஆம் நாள்தான் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் தென்கோடி மக்களின் கண் கடலுக்கு அப்பால் சென்றது. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி அலைவரிசையைப் பிடிக்கக் குமரிமுனை முதல் தூத்துக்குடி வரையிலான கடற்கரை ஊர்களில் கூரைகளின் மேல் உயரமான வான்கம்பிகள் நின்றன. 1984இன் பிற்பாதியில் நாடெங்கும் நாளுக்கு ஒன்று என்று சொல்லத்தக்க வேகத்தில் ஒளிபரப்புக் கோபுரங்கள் பெருகின. 1985இல் வானொலி, தொலைக்காட்சி உரிமங்கள் நீக்கப்பட்டன. சந்தை திறந்தது, பெட்டி தயாராக இருந்தது. கெல்ட்ரானுக்கு உரிய வேளை அதுவே.

ஆனால் அவ்வேளையில் வீட்டின் விருப்பம் வேறொரு பெட்டியால் வடிவம் பெற்றிருந்தது. எழுபதுகளின் நடுவிலிருந்து வளைகுடாவுக்குச் சென்றவர்கள் விடுமுறையில் திரும்பும்போது ஜப்பானிய வானொலியும் ஒலிநாடாக் கருவியும் இணைந்த பெட்டியைக் கொண்டுவந்தனர். மிக்சி, மின் இஸ்திரிப்பெட்டி, பின்னர் வண்ணத் தொலைக்காட்சி, வீடியோ கருவி ஆகியவை தொடர்ந்தன. எழுத்தறியாத தாய்க்கும் தொலைவிலிருந்த மகனுக்கும் இடையே ஒலிநாடாவே கடிதமாயிற்று. திருவனந்தபுரத்துக் கடற்கரையிலுள்ள பீமாபள்ளிக் கடைத்தெரு வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. பெட்டியின் மேலிருந்த ஜப்பானியப் பெயர் தரத்தின் சான்றாக மட்டுமன்றி, அவ்வீட்டில் ஒருவர் வெளிநாட்டில் உழைக்கிறார் என்பதன் அறிவிப்பாகவும் இருந்தது. உள்ளூர் ஆலையில் செய்த பெட்டி எவ்வளவு நன்றாக இயங்கினாலும் அந்த அறிவிப்பைத் தர இயலாது. வளர்ச்சி ஆய்வு மையத்தின் கேரள இடப்பெயர்வு ஆய்வு 1998இல் தொடங்கியபோது, வெளிநாடுகளில் வாழும் கேரளத்தவர் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர் என மதிப்பிட்டது. வீடுகளில் உள்ள நீடித்த பயன்பாட்டுப் பொருள்களையும் அவ்வாய்வு கணக்கெடுத்தது தற்செயலன்று. இடப்பெயர்வு வீட்டுக்குள் விட்டுச்செல்லும் மிகத் தெளிவான தடம் அப்பொருள்களே.

வளைகுடாப் பெட்டி விருப்பத்தை மாற்றியது என்றால், வண்ணம் தொழிலின் கணக்கையே மாற்றியது. 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. பெட்டிக்கான உறுப்புத் தொகுதிகளை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்க நடுவண் அரசு வழிவிட்டது. இதனால் புதிதாகத் துறைக்குள் நுழைந்தவர்களுக்குத் தொழில்நுட்பம் ஒரு தடையாக இருக்கவில்லை. தொகுதியை வாங்கும் பணமும் விளம்பரமும் விற்பனையாளர் வலைப்பின்னலும் போதுமானவை. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் விலையில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது படக்குழாய். அது கெல்ட்ரானின் கைக்குள் இல்லை; வெளியிலிருந்தே வந்தது. உறுப்புகளை உள்ளூரில் செய்து பத்தாண்டுகளாகக் கட்டிய ஏணியின் பயன், இறக்குமதித் தொகுதிகள் வந்ததும் பெருமளவு குறைந்தது.

இங்கேதான் வழக்கமான விடையைச் சோதிக்க வேண்டும். 1963இல் டி.பி.ஜி. நம்பியார் பாலக்காட்டில் தொடங்கிய பி.பி.எல். ஒரு தனியார் நிறுவனம். பின்னர் பெங்களூருவை மையமாக்கிக்கொண்டு, ஜப்பானின் சான்யோவுடன் தொழில்நுட்ப உறவு பூண்டு, தொண்ணூறுகளில் நாட்டின் முன்னணி வண்ணத் தொலைக்காட்சிப் பெயர்களுள் ஒன்றாக உயர்ந்தது. அரசுக் கோப்புகளின் தாமதம் அதற்கு இல்லை. கேரளத் தொழிற்சங்கங்களும் பெங்களூரு வரை அதைத் தொடரவில்லை. ஆயினும் 1991இன் பொருளாதாரத் திறப்புக்குப் பின் சோனி 1994இலும் சாம்சங் 1995இலும் எல்ஜி 1997இலும் இந்தியாவுக்கு வந்த பிறகு, அடுத்த பத்தாண்டுக்குள் பி.பி.எல். தன் இடத்தை இழந்தது. சென்னையில் பிறந்து தமிழ்நாட்டு வீடுகளில் பழகிப்போன சாலிடேர், டயனோரா ஆகிய பெயர்களும் கடைகளிலிருந்து மறைந்தன. அரசு நிறுவனம், தனியார் நிறுவனம், கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு என எல்லா வகையிலும் வேறுபட்டவை ஒரே முடிவை அடைந்திருக்கும்போது, அம்முடிவுக்கு ஒன்றின் குணக்கேட்டை மட்டும் காரணம் காட்டுவது முறையாகாது. படக்குழாயும் பின்னர் தட்டைத்திரையும் யார் கையில் இருந்தனவோ அவர்களே பெட்டியையும் ஆண்டனர். பூட்டி விற்போர், பெரும்பாலும், கைமாறிப் போயினர்.

நிலைத்து நின்ற ஒரு பெயரையும் எண்ணிப் பார்க்கலாம். 1977இல் கொச்சியில் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி ஒரு லட்சம் ரூபாய் மூலதனத்துடனும் இரண்டு தொழிலாளர்களுடனும் வி-கார்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அது செய்தது ஸ்டெபிலைசர். மாலையானால் கேரளத்தில் மின்னழுத்தம் விழும், விளக்கு மங்கும், தொலைக்காட்சியில் படம் சுருங்கும், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் திணறும். வளைகுடாவிலிருந்து எவ்வளவு விலையுயர்ந்த கருவி வந்தாலும் அதற்கு முன்னால் ஓர் உள்ளூர் ஸ்டெபிலைசர் நின்றாக வேண்டும். ஜப்பானிய நிறுவனங்களுக்கு இச்சிக்கல் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது அவர்களுக்குச் சிறிய சந்தை. கேரளத்தின் உற்பத்தியும் வளைகுடாப் பணமும் உண்மையாகச் சந்தித்த இடம், பெரும் பெட்டியின் பக்கத்தில் இருந்த இச்சிறு பெட்டி.

தொலைக்காட்சியை இழந்த கெல்ட்ரான் மறைந்துவிடவில்லை. அதன் ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்த மையம் பின்னர் நடுவண் அரசின் கீழ் சென்று, இன்று சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் கிளையாக வெள்ளயம்பலத்தில் இயங்குகிறது. 1990இல் காரியவட்டத்தில் டெக்னோபார்க் தொடங்கியபோது மாநிலத்தின் நம்பிக்கை கருவியிலிருந்து மென்பொருளுக்கு நகர்ந்தது, அம்முயற்சியிலும் கே.பி.பி. நம்பியாருக்குப் பங்குண்டு. சாலைகளில் கெல்ட்ரான் நிறுவிய 726 கண்காணிப்புக் கேமராக்கள் 2023 ஜூன் முதல் போக்குவரத்து மீறல்களுக்குத் தண்டம் விதிக்க உதவுகின்றன. 2024இல் கண்ணூரில், விண்வெளித் துறையின் தொழில்நுட்பத்தைக் கொண்டு மீமின்தேக்கி ஆலை திறக்கப்பட்டது. வீட்டின் கூடத்திலிருந்து வெளியேறிய பெயர் தெருவுக்கும் ஆலைக்கும் சென்றிருக்கிறது.

கல்யாசேரியின் பழைய மின்தேக்கி ஆலை இன்றும் இயங்குகிறது. கூரையில் சுழலும் மின்விசிறிக்கு வேண்டிய சிறிய மின்தேக்கியும் அதன் தயாரிப்புகளுள் ஒன்று. மக்கள் அதைக் கண்டன்சர் என்பர். விசிறி மெதுவாகச் சுழலும்போது மின்பணியாளர் வந்து மாற்றிவிட்டுப் போகும் அவ்வுறுப்பின் மேல் என்ன பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்று வீட்டார் பார்ப்பதில்லை. எழுபதுகளின் திட்டத்தில் முழுப்பெட்டி தோற்றது, உறுப்பு பிழைத்தது. இவ்வேறுபாட்டைத் தோல்வி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைப்பதால் இழப்பு வரலாற்றுக்கு மட்டுமன்று. கைப்பேசிகளையும் மின்கலங்களையும் நாட்டுக்குள் செய்வது பற்றி இன்று மீண்டும் பெரிதாகப் பேசப்படுகிறது. பூட்டும் ஆலைகளை எண்ணிக் களிப்பதா, அவற்றுக்குள் செல்லும் உறுப்புகளை யார் செய்கிறார்கள், அவற்றைப் பொருத்தும் பெண்களின் திறனுக்கு என்ன விலை தரப்படுகிறது என்று கேட்பதா என்ற தேர்வு, கெல்ட்ரான் காலத்தில் இருந்த அதே வடிவில் இன்றும் நிற்கிறது. அன்றைய கூட்டுறவுச் சங்கங்களின் பதிவேடுகளும் அங்கு வேலை செய்த பெண்களின் நினைவுகளும் மறைவதற்கு முன் அவற்றைத் திரட்டுவது, கேரளத்தின் தொழில் வரலாற்றையும் பெண்ணுழைப்பின் வரலாற்றையும் ஆராயும் மாணவர்கள் முன்னுள்ள அவசரப் பணி.