12 வருடம் தாமதமாக வந்த மாத்திரை

1981 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம். சுருக்கமாக சிடிசி. அதன் மருந்துப் பிரிவில் சாண்ட்ரா ஃபோர்டு என்று ஒரு ஊழியர்.

கடையில் கிடைக்காத சில அபூர்வ மருந்துகளை அந்த மையம் மட்டுமே இருப்பு வைத்திருக்கும். நாடு முழுவதும் இருந்து டாக்டர்கள் கேட்பார்கள். எந்த நோயாளிக்கு, எதற்காக என்று விவரம் வாங்கிக்கொண்டு அனுப்பி வைக்க வேண்டும். இதுதான் அவர் வேலை.

அந்த மருந்துகளில் ஒன்று பென்டமிடின். ஆப்பிரிக்க தூக்க நோய்க்கும், காலா அசாருக்கும் கொடுக்கும் ஊசி. அமெரிக்காவில் அது தேவைப்பட்டது நியூமோசிஸ்டிஸ் என்ற அரிய வகை நிமோனியாவுக்கு. கீமோதெரபி எடுப்பவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர்கள் என எதிர்ப்பு சக்தி அடிபட்டவர்களுக்கு மட்டும் வரும் நிமோனியா அது.

திடீரென்று இளம் ஆண்களுக்கு அந்த ஊசி கேட்டு கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. கேன்சர் இல்லை. சிறுநீரக மாற்று இல்லை. எதிர்ப்பு சக்தி ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு டாக்டர்களிடமே பதில் இல்லை.

ஃபோர்டு இதைக் கவனித்து மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார்.

அதே நேரம் லாஸ் ஏஞ்சலிஸில் மைக்கேல் காட்லீப் என்ற இளம் டாக்டரும் இதே நிமோனியாவுடன் ஆட்களைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தார். 1981 ஜூன் 5 அன்று சிடிசியின் வார இதழில் அவரது குழுவின் சிறு குறிப்பு வெளியானது. ஐந்து நோயாளிகள். ஐவரும் தன்பாலின ஈர்ப்பு கொண்ட இளைஞர்கள். அச்சேறும்போதே இருவர் உயிரோடு இல்லை.

எய்ட்ஸ் என்ற பெயர் அப்போது இல்லை. எச்.ஐ.வி. வைரஸையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. உலகத்துக்கு எய்ட்ஸை அறிமுகம் செய்தது ஒரு நுரையீரல் நோய்தான்.

இது வரைக்கும் பலருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கதையை. அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகணும்.

இந்தக் கிருமியை முதலில் பார்த்தவர் பிரேசில் நாட்டின் கார்லோஸ் சாகாஸ். 1909ல், கினி பன்றியின் நுரையீரலில். தான் ஆராய்ந்துகொண்டிருந்த வேறொரு ஒட்டுண்ணியின் ஒரு பருவம் என்று நினைத்துவிட்டார். 1912ல் பாரிஸில் டெலனோயி தம்பதி சாக்கடை எலிகளில் இதைப் பார்த்து, இது தனிக் கிருமி என்று பிரித்துச் சொன்னார்கள். அப்புறம் வெகுகாலம் யாரும் சீண்டவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவின் அனாதை இல்லங்களில், குறைமாதத்தில் பிறந்த, சரியான ஊட்டம் இல்லாத பச்சைக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தன. பிராக் நகரில் வானெக், யிரோவெட்ஸ் என்ற இருவர் 1950களின் தொடக்கத்தில் அந்த நுரையீரல்களில் இந்தக் கிருமியைக் கண்டார்கள். இன்றைக்கு இதன் பெயரே நியூமோசிஸ்டிஸ் யிரோவெட்சி.

அடுத்து இது மாட்டியது ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை. புற்றுநோய் மருந்துகள் வேலை செய்யத் தொடங்கிய காலம். கேன்சர் கட்டுக்குள் வந்துவிடும், ஆனால் குழந்தை நிமோனியாவில் போய்விடும். ஒரு டாக்டராக இதைவிடக் கொடுமையான ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

அங்கே வால்டர் ஹ்யூஸ் என்ற டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதை விட, வராமலே தடுத்தால் என்ன?

அவர் எடுத்தது கோ-ட்ரைமாக்ஸசோல். நம்ம ஊரில் செப்ட்ரான் என்றால் பாட்டிக்குக்கூடத் தெரியும். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் காலங்காலமாகக் கொடுத்த அதே மாத்திரை. இதில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. கிருமி தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே தயாரிக்கும். அந்தத் தயாரிப்பை அடுத்தடுத்த இரண்டு இடங்களில் இந்த இரண்டும் மறித்துவிடும். நாம் ஃபோலிக் அமிலத்தை கீரையிலும் பருப்பிலும் இருந்து எடுத்துக்கொள்வதால் நமக்குப் பெரிய பாதிப்பில்லை.

முதலில் எலிகளில் பார்த்தார். பிறகு 160 நோயாளிகள். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

போலி மாத்திரை எடுத்த 80 பேரில் 17 பேருக்கு நியூமோசிஸ்டிஸ் வந்தது.

நிஜ மாத்திரை எடுத்த 80 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

பூஜ்யம். மருத்துவ ஆய்வுகளில் இப்படி ஒரு பூஜ்யம் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரிது. 1977ல் இது வெளியானது.

வருடத்தைக் கவனியுங்கள். காட்லீப்பின் ஐந்து நோயாளிகளுக்கு நான்கு வருடம் முன்பு.

சரி, அப்படியானால் 1981க்குப் பிறகு எய்ட்ஸ் நோயாளிகள் எல்லோருக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்?

கொடுக்கவில்லை. ஜோசப் சோனபெண்ட் போன்ற நியூயார்க் டாக்டர்கள் சிலர் ஹ்யூஸின் ஆய்வைப் படித்துவிட்டுத் தங்கள் நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மற்ற இடங்களில், நிமோனியா வந்தால் அட்மிட், ஊசி, முடிந்தால் பிழைப்பு. பிழைத்தவருக்கும் சில மாதத்தில் திரும்ப வரும்.

சோனபெண்டின் நோயாளி மைக்கேல் காலன். பாடகர். 1987 மே மாதம் அவரும் சில நண்பர்களும் அமெரிக்க அரசின் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ஆன்டனி ஃபௌச்சியைச் சந்தித்தார்கள். ஆமாம், கொரோனா காலத்தில் டிவியில் நாம் பார்த்த அதே ஃபௌச்சி. அவர்கள் கேட்டது புது மருந்து இல்லை. “தடுப்பு மாத்திரை கொடுங்கள் என்று எல்லா டாக்டர்களுக்கும் ஒரு வழிகாட்டுதல் வெளியிடுங்கள்.” அவ்வளவுதான்.

மறுத்துவிட்டார்கள். எய்ட்ஸ் நோயாளிகளிடமே செய்த ஆய்வு வேண்டும் என்பது அரசுத் தரப்பின் நிலை.

நியாயமாகப் பேசுவோம். அந்தத் தயக்கத்தில் விஷயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சல்ஃபா வகை மருந்து இது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதனால் தோல் தடிப்பும் காய்ச்சலும் மற்றவர்களை விட அதிகம் வரும். புற்றுநோய்க் குழந்தைக்குச் சரிப்பட்டது இவர்களுக்கும் சரிப்படும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஆய்வு வேண்டும் என்பது சரி. ஆனால் அதே நிமோனியா, அதே கிருமி, கையில் இருக்கும் பழைய மாத்திரை. ஆய்வு முடியும் வரை தற்காலிகமாக ஒரு பரிந்துரை கொடுத்திருக்க முடியாதா? முடியும் என்பதுதான் என் கருத்து. இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

1988ல் ஆய்வு வந்தது. 60 எய்ட்ஸ் நோயாளிகள். மாத்திரை எடுக்காத 30 பேரில் 16 பேருக்கு நிமோனியா. எடுத்த 30 பேரில், எடுத்துக்கொண்டிருந்த வரை ஒருவருக்கும் இல்லை. மறுபடியும் அதே பூஜ்யம்.

இன்னொரு பக்கம், நோயாளிகளும் அவர்களது சொந்த டாக்டர்களும் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்காகக் காத்திருக்காமல், சான்பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் தாங்களே ஆய்வு நடத்தினார்கள். பென்டமிடினை ஆவியாக்கி மூச்சில் இழுக்கும் முறை. அந்த ஆய்வை நம்பியே 1989ல் அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. (பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆவியை விட நம்ம மாத்திரைதான் மேல் என்று தெரிந்தது.)

1989 ஜூனில் ஒருவழியாக வழிகாட்டுதல் வந்தது. சிடி4 அணுக்கள் 200க்குக் கீழே போனால் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும் என்று.

1977லிருந்து 1989. எண்ணிப் பாருங்கள். 1981க்குப் பிறகான வருடங்களில் மட்டும் அமெரிக்காவில் இந்த நிமோனியாவால் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். காலன் 1993 டிசம்பரில் 38 வயதில் இறந்தார். இந்த நிமோனியாவால் அல்ல, எய்ட்ஸோடு வரும் இன்னொரு புற்றுநோயால்.

இடையில் இரண்டு நல்ல விஷயங்கள் நடந்தன. ஒட்டுண்ணி என்று நினைத்த இந்தக் கிருமி உண்மையில் ஒரு பூஞ்சை என்று 1988ல் மரபணு ஆய்வு காட்டியது. கடுமையாக மூச்சுத்திணறும் நோயாளிக்கு மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் உயிர் பிழைப்பு கூடும் என்று 1990ல் உறுதியானது. எதிர்ப்பு சக்தியே இல்லாதவருக்கு ஸ்டீராய்டா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கிருமிகள் செத்து விழும்போது நுரையீரலில் கிளம்பும் அழற்சிதான் ஆளைக் கொல்கிறது.

இனி ஏழை நாடுகளின் கதை. அங்கே இன்னும் தாமதம்.

ஆப்பிரிக்காவில் இந்த மாத்திரை எடுபடாது, அங்குள்ள பாக்டீரியாக்கள் பல இதற்கு ஏற்கனவே பழகிவிட்டன என்று ஒரு எண்ணம் இருந்தது. 1999ல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு 46% குறைந்தது. ஜாம்பியாவில் எச்.ஐ.வி. உள்ள 541 குழந்தைகளிடம் பார்த்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 42% குழந்தைகள் இறந்தன. நிஜ மாத்திரையில் 28%. வித்தியாசம் தெளிவானதும் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2004ல் வெளியானது அது.

பாக்டீரியா பழகிப்போன ஊரிலேயே இவ்வளவு பலன்.

அதே 2004 ஏப்ரலில்தான் இந்தியாவில் அரசின் இலவச ஏஆர்டி கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. தொடங்கிய இடங்களில் நம்ம தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதும் சென்னையில்தான், 1986ல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். நம்ம ஊரில் எச்.ஐ.வி. உள்ளவரின் நுரையீரலை அதிகம் தாக்குவது காசநோய். அதனாலேயே நியூமோசிஸ்டிஸ் பல நேரம் டாக்டர் கண்ணிலிருந்து தப்பிவிடும். வறட்டு இருமல், லேசான காய்ச்சல், எக்ஸ்ரே ஏறக்குறைய நார்மல். விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி வார்டில் நடக்க வைத்தால்தான் ஆக்ஸிஜன் சரசரவென்று இறங்குவது தெரியும்.

இப்போது ஏஆர்டி மையத்தில் மாத்திரை வாங்குபவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒன்று சொல்கிறேன். சிடி4 குறைவாக இருக்கும்போது கூட்டு மருந்தோடு தரும் அந்த வெள்ளை மாத்திரைதான் இது. “சளிக்குக் கொடுக்கிற செப்ட்ரான்தானே, சளியே இல்லையே” என்று சிலர் வீட்டில் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். சிடி4 ஏறி, மையத்து டாக்டர் போதும் என்று சொல்லும் வரை தினமும் போடணும். எடுக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு அன்றைக்கே மையத்துக்கு வாங்க. மாற்றாக டாப்சோன் இருக்கிறது. ஆமாம், தொழுநோய்க்குக் கொடுக்கும் அதே டாப்சோன்தான். பார்த்துப் பயப்பட வேண்டாம்.